கீபோர்டு முழுக்க ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள்

"பார்வை இல்லாதவங்களுக்குன்னு தனி கீபோர்டு எங்கே கிடைக்கும்?" இந்தக் கேள்வி வராத வாரம் இல்லை. பார்வை இழந்தவர்களுக்குக் கணினி சொல்லிக்கொடுப்பது என் வேலை. கேட்பவர் பெரும்பாலும் மகனாகவோ மகளாகவோ இருப்பார். சாதாரண கீபோர்டே போதும் என்று சொன்னால் அவர் முகம் வாடிவிடும், நான் ஏதோ கைவிரித்துவிட்ட மாதிரி. அப்புறம் பிரெய்ல் ஸ்டிக்கர் ஒரு செட் வாங்கி, எஸ்கேப் முதல் என்டர் வரை ஒன்று விடாமல் ஒட்டிக்கொண்டு வந்து நிற்பார்.

அண்மையில் அப்படி வந்த லேப்டாப்தான் இதை எழுத வைத்தது. அதை வைத்திருந்தவர் கணக்கு வேலை பார்த்தவர். சர்க்கரை நோயால் பார்வை போயிருக்கிறது. பிரெய்லில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. அதையாவது விட்டுவிடலாம். எஃப், ஜே விசைகளில் கம்பெனியே வைத்துத் தரும் சின்ன மேடு இரண்டும் ஸ்டிக்கருக்கு அடியில் மறைந்துபோயிருந்தன. அவர் விரலை இப்படியும் அப்படியும் ஓட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாம் ஒரே மாதிரித்தான் இருக்கு மேடம்" என்றார். வேலையில் இருந்த காலம் முழுக்கக் கீபோர்டைப் பார்க்காமலே அடித்த கை அது. உதவி என்ற பெயரில் அந்தக் கைக்கு இருந்த ஒரே பிடியையும் மூடி வைத்திருந்தார்கள்.

கொஞ்சம் யோசியுங்கள். நன்றாகத் தட்டச்சு தெரிந்தவர், கண் இருந்தாலும், விசையைப் பார்த்தா அடிக்கிறார்? தட்டச்சுப் பயிலகங்களில் முதல் பாடமே கீழே பார்க்காதே என்பதுதான். இடது ஆள்காட்டி விரல் எஃப் மேல், வலது ஆள்காட்டி விரல் ஜே மேல். மற்ற விரல்கள் அந்த வரிசையிலேயே உட்கார்ந்துகொள்ளும். எந்த எழுத்து எத்தனை விசை தள்ளி இருக்கிறது என்பது விரலுக்குப் பழகிவிடும். தமிழ்99 என்ற தமிழ்த் தட்டச்சு முறையில் அடிப்பவருக்கும் இதே இரண்டு விசைதான். இடது விரலுக்குக் கீழே மெய்ப்புள்ளி, வலது விரலுக்குக் கீழே 'ப'. கண்ணுக்கு இதில் வேலையே இல்லை. தட்டச்சு இயந்திரத்தின் பூர்வீகத்திலேயே இது இருக்கிறது. மிகப் பழைய இயந்திரங்களுள் ஒன்றை இத்தாலியில் பெல்லெக்ரினோ தூர்ரி என்பவர் பார்வை இழந்த தோழி ஒருவருக்காகச் செய்தார். இயந்திரம் இன்றில்லை, அதில் அந்தப் பெண் அடித்த கடிதங்கள் இருக்கின்றன. 1808இல் அடித்தவையும் அவற்றில் உண்டு. இருநூறு வருடம் கழித்தும், கண் இல்லாமல் எப்படி அடிப்பது என்று நம்மிடம் வந்து கேட்கிறார்கள்.

சரி, பிரெய்ல் தெரிந்தவருக்காவது எல்லா விசையிலும் ஸ்டிக்கர் உதவாதா? உதவாது. பிரெய்லை விரல் நுனியால் தடவிப் படிக்க வேண்டும். ஒரு புள்ளியின் உயரம் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர், பக்கத்துப் புள்ளிக்கு இடைவெளி 2.5 மில்லிமீட்டர். அதை உணர விரல் மெதுவாக நகர வேண்டும். தட்டச்சோ ஒரே அடி, உடனே அடுத்த விசை. எந்த எழுத்து என்று தடவிப் படித்துவிட்டு அடிப்பவர், பெயரை அடித்து முடிப்பதற்குள் சலித்துப்போய் எழுந்துவிடுவார். அதைவிட மோசம், தேடுவதற்காக விரல், எஃப், ஜே இருக்கும் அந்த வீட்டு வரிசையை விட்டு வெளியே போய்விடுகிறது. திரும்பி வர அடையாளம் வேண்டுமே? எல்லா வீட்டு வாசலிலும் ஒரே வேப்பமரம் நிற்கும் தெருவில், வேப்பமரத்து வீடு என்று வழி சொல்ல முடியுமா? நூற்று நான்கு விசையிலும் மேடு வைத்தால் ஒன்றிலும் மேடு இல்லை என்றுதான் பொருள்.

பிரெய்லை நான் குறை சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மருந்து டப்பாவுக்கும் கோப்புக்கும் அலமாரிக்கும் அதைப்போல் ஒன்று கிடையாது. கீபோர்டில்கூட, ஒலியைக் கூட்டுவது, வைஃபையை அணைப்பது மாதிரி எப்போதாவது தேடும் ஓரத்துப் பட்டன்களுக்கு ஒட்டலாம். எழுத்து விசைகளை மட்டும் விட்டுவிடுங்கள்.

அப்படியானால் எதில் அடையாளம் வைப்பது?

முதலில், ஏற்கெனவே இருப்பதைப் பாருங்கள். எஃப், ஜே, எண் பகுதியின் 5, இந்த மூன்றிலும் மேடு இருக்கும். பழைய கீபோர்டில் தேய்ந்துபோயிருந்தால் அதைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும். எண் பகுதியில் ஒரு குழப்பம் உண்டு. போனில் 1, 2, 3 மேல் வரிசை. கீபோர்டில் 7, 8, 9 மேல் வரிசை. போனில் பழகியவர் முதல் நாள் தப்புத் தப்பாக அடிப்பார். நடுவில் இருக்கும் 5 இரண்டிலும் பொது என்பதால் அங்கிருந்து தொடங்கச் சொல்லிக்கொடுங்கள்.

மேசைக் கணினியின் முழு அளவு கீபோர்டில் இடைவெளிகளே பாதி வேலையைச் செய்துவிடும். எஃப்1 முதல் எஃப்12 வரை நான்கு நான்காகப் பிரிந்திருக்கும். அம்பு விசைகள் தனியாக நிற்கும். ஸ்பேஸ் பார், என்டர், ஷிஃப்ட் எல்லாம் அளவிலேயே தெரியும். அங்கே கூடுதலாக ஒன்றிரண்டு போதும். சிக்கல் லேப்டாப்பில்தான். பெரும்பாலான லேப்டாப்பில் மேல் வரிசை இடைவெளியே இல்லாமல் ஒட்டி வரும். எஃப்4, எஃப்8 இரண்டிலும் ஓர் அடையாளம் வைத்தால் மற்றதை எண்ணிக்கொள்ளலாம். அம்பு விசைகளில் மேலும் கீழும் பாதி உயரத்துக்கு நசுங்கி இருக்கும். கீழ் அம்பில் ஒன்று. இடது கீழ் மூலையில் சில லேப்டாப்பில் கண்ட்ரோல் முதலில் வரும், சிலவற்றில் எஃப்என் முதலில் வரும். லேப்டாப் மாற்றினவர் கண்ட்ரோலும் சியும் அழுத்தி நகல் எடுக்க முடியவில்லை என்று புலம்பினால் நான் முதலில் பார்ப்பது அந்த மூலையைத்தான். கண்ட்ரோலில் ஒன்று வையுங்கள். திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் மென்பொருளான ஸ்க்ரீன் ரீடருக்கு இன்செர்ட் விசை அடிக்கடி வேண்டும். லேப்டாப்பில் அது எங்கேயாவது ஒளிந்திருக்கும். அதற்கும் ஒன்று, அல்லது ஸ்க்ரீன் ரீடர் அமைப்பிலேயே கேப்ஸ் லாக்கை அதற்குப் பதிலாக வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று மிக முக்கியம். இப்போது வரும் பல லேப்டாப்பில் பவர் பட்டனை டெலீட் விசைக்குப் பக்கத்திலேயே வைத்துவிடுகிறார்கள். இதை வடிவமைத்தவர் ஒரு நாள் கண்ணை மூடிக்கொண்டு ஒரு கடிதம் அடித்துப் பார்க்க வேண்டும். டெலீட் என்று நினைத்துப் பவரை அழுத்தி, கணினி தூங்கிப்போய், என்ன நடந்தது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தவர்கள் எத்தனை பேர்! பவர் பட்டனுக்கு மற்ற எதிலும் இல்லாத அடையாளம் வையுங்கள். மற்றவை வழுவழுப்பான புள்ளி என்றால் இது சொரசொரப்பாக, தொட்டதும் விரல் பின்வாங்கும்படி இருக்கட்டும்.

மொத்தம் எட்டு விசைக்கு மேல் போகவேண்டிய தேவை பெரும்பாலும் வருவதில்லை. போகிறது என்றால், தட்டச்சுப் பயிற்சி போதவில்லை என்று பொருள். ஸ்டிக்கரை விட்டுவிட்டுப் பயிற்சியைப் பாருங்கள்.

இனி, எதை வைத்து அடையாளம் செய்வது? காசு அதிகம் வேண்டாம். முதல் வாரத்துக்கு மருத்துவத் துணிப் பிளாஸ்டரில் சிறு துண்டு வெட்டி ஒட்டுங்கள். துணியின் சொரசொரப்பு நன்றாகத் தெரியும், இடம் சரியில்லை என்றால் உரித்து மாற்றலாம். இடம் உறுதியான பிறகு நிலையானதுக்குப் போங்கள். கையில் காயத்துக்கு ஒட்டும் பொருளைக் கணினியில் ஒட்டுவதா என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும், எனக்கு இதுதான் முதல் தேர்வு.

நிலையானதுக்கு எனக்குப் பிடித்தது துணியில் வரையப் பயன்படுத்தும், காய்ந்தபின் புடைத்து நிற்கும் பெயிண்ட். பல் குச்சி முனையில் தொட்டு, குண்டூசித் தலையளவு ஒரு சொட்டு. ஒரு நாள் முழுக்கத் தொடாமல் காயவிட வேண்டும். அவசரப்பட்டு விரல் வைத்தால் மேடு சப்பையாகிவிடும். பிடிக்கவில்லை என்றால் நகத்தால் நெம்பினால் பெரும்பாலும் கழன்று வரும். அலமாரிக் கதவு சத்தம் போடாமல் இருக்க ஒட்டும் ஒளி ஊடுருவும் ரப்பர் பொட்டுகளும் நன்றாக இருக்கும், ஆனால் மேசைக் கணினிக்கு மட்டும். இரண்டு குழாயாக வரும் எபாக்ஸிப் பசை ஒரு சொட்டு வைத்தால் லேசில் போகாது. போகாது என்பதுதான் அதன் குறையும்.

நெயில் பாலிஷ்? எல்லோரும் சொல்வது அதைத்தான். ஒரு பூச்சு விரலுக்குத் தெரியாது, காயக் காய மேலே மேலே வைக்க வேண்டும். அதிலுள்ள கரைப்பான் சில பிளாஸ்டிக்கை இளக்கும். வேறு எதுவும் கிடைக்காவிட்டால் வையுங்கள், ஆனால் எடுக்கிறேன் என்று ரிமூவரை ஊற்றிவிடாதீர்கள். அசிட்டோன் கலந்த ரிமூவர் விசையின் பிளாஸ்டிக்கையே கரைத்துவிடும். சூப்பர் க்ளூ கூடவே கூடாது. தண்ணீர் போல ஓடி விசையின் இடுக்கில் இறங்கினால் விசை அப்படியே நின்றுவிடும். உப்புத்தாளும் வேண்டாம். நாள் முழுக்க அதில் விரல் தேய்ந்தால் என்ன ஆகும் என்று சொல்லவா வேண்டும்?

எதை ஒட்டினாலும் முன்பு கணினியை அணைத்துவிட்டு, துணியில் கொஞ்சம் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் தொட்டு விசையைத் துடைத்துக் காயவிடுங்கள். விரல் எண்ணெய் இருந்தால் எந்தப் பசையும் நிற்காது. திரவத்தை நேராகக் கீபோர்டில் தெளிக்காதீர்கள். மேட்டை விசையின் நடுவில் வைக்காமல், நம் பக்கம் இருக்கும் கீழ் ஓரத்தில் வையுங்கள். எஃப், ஜே கோடுகளும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். நடுவில் இருந்தால் அடிக்கும்போதெல்லாம் விரல் நுனியில் குத்தும்.

லேப்டாப் என்றால் மூடிப் பார்ப்பதற்கு முன் நில்லுங்கள். மூடும்போது விசைக்கும் திரைக்கும் நடுவே மிஞ்சும் இடைவெளி மிகக் குறைவு. உயரமான பொட்டு திரையை அழுத்தித் தழும்பு விழவைக்கும், கண்ணாடி விரிசல் விடவும் கூடும். காய்ந்த மேட்டின் மேல் ஒரு காகிதத் துண்டு வைத்து, மெதுவாக மூடி, காகிதத்தை இழுங்கள். தடையில்லாமல் வந்தால் சரி. பிடித்தால் மேடு உயரம், குறைத்துவிடுங்கள். பார்வை இல்லாதவருக்குத் திரை தேவையில்லையே என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். அந்த லேப்டாப்பை வீட்டில் வேறு யாருமே திறக்க மாட்டார்களா?

சர்க்கரை நோயால் பார்வை போனவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. பல ஆண்டு நோயில் சிலருக்கு விரல் நுனியின் உணர்வும் மங்கியிருக்கும். உங்கள் விரலுக்குப் பளிச்சென்று தெரியும் மேடு அவருக்குத் தெரியாமல் போகலாம். நான் மேலே சொன்னவருக்கு வழுவழுப்பான சொட்டு தெரியவே இல்லை, துணிப் பிளாஸ்டர்தான் தெரிந்தது. ஆகவே நீங்களே ஒட்டி, நீங்களே தடவி, நீங்களே திருப்திப்படாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து அவர் விரலை வைக்கச் சொல்லுங்கள். புள்ளியா கோடா, சொரசொரப்பா வழுவழுப்பா, எந்த விசை, எல்லாம் அவர் சொல்லட்டும்.

பார்வை கொஞ்சம் மிச்சமிருப்பவருக்குப் பெரிய எழுத்து ஸ்டிக்கர் உதவும், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் எஃப், ஜே ஸ்டிக்கரில் மேடு வரும் இடத்தைப் பிளேடால் வெட்டி எடுத்துவிட்டு ஒட்டுங்கள். தூசிக்காகப் போடும் சிலிக்கான் உறையும் இதே தப்பைத்தான் செய்கிறது, மேடுகளை மூடிவிடும். கழற்றிவிடுங்கள்.

எந்த விசை எது என்று கணினியிடமே கேட்கவும் முடியும், ஸ்டிக்கர் செட் வாங்கும் பலருக்கு இது தெரிவதில்லை. என்விடிஏ இலவச ஸ்க்ரீன் ரீடர். அதில் இன்செர்ட்டுடன் மேல் வரிசையின் 1ஐ அழுத்தினால் உதவி நிலைக்குப் போகும். பிறகு எந்த விசையைத் தொட்டு அழுத்தினாலும் அதன் பெயரைச் சொல்லும், வேலை எதுவும் நடக்காது. அதே இரண்டையும் மறுபடி அழுத்தினால் பழைய நிலைக்கு வந்துவிடும். ஜாஸ் என்ற இன்னொரு ஸ்க்ரீன் ரீடரிலும் இதே இன்செர்ட், 1தான். புதிதாக வருபவரை முதல் சில நாள் இதிலேயே விளையாட விடுவேன். பயமில்லாமல் கீபோர்டு முழுக்கச் சுற்றி வருவார்கள். கேப்ஸ் லாக் தெரியாமல் அழுந்திவிடுகிறது என்பவர்களுக்கு விண்டோஸிலேயே டாகிள் கீஸ் என்று ஓர் அமைப்பு இருக்கிறது. எண் பகுதியில் இருக்கும் நம் லாக் (Num Lock) விசையை ஐந்து விநாடி அழுத்திப் பிடித்தால் அதை இயக்கலாம், அப்புறம் கேப்ஸ் லாக் அழுந்தும்போதெல்லாம் ஒலி வரும். அந்தக் குறுக்குவழி வேலை செய்யவில்லை என்றால் அணுகல் வசதி அமைப்புகளில் தேடுங்கள்.

கடைசியாக அலுவலகத்தில் உடன் வேலை செய்பவர்களிடமும் பழுது பார்ப்பவர்களிடமும் ஒரு வேண்டுகோள். விசையில் காய்ந்துபோன சொட்டோ கிழிந்த பிளாஸ்டரோ இருந்தால் அழுக்கு என்று சுரண்டிச் சுத்தம் செய்யாதீர்கள், முதலில் கேளுங்கள். கீபோர்டையே மாற்றவேண்டி வந்தால் பழையதை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு, அதே விசைகளில் அதே அடையாளங்களை வைத்துக் கொடுங்கள். பல் குச்சியும் ஒரு சொட்டுப் பெயிண்ட்டும் இருந்தால் பத்து நிமிட வேலை, காய்வதற்குத்தான் ஒரு நாள்.