உளி போன வழியில் முள் போகுமா?

டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். தாத்தா போன பிறகு வீட்டை ஒழித்தபோது அலமாரியின் அடித்தட்டில் நாற்பது இசைத்தட்டுகள் கிடைத்தனவாம். அநேகமும் தமிழ்ப் படப் பாட்டு, கொஞ்சம் பக்திப் பாட்டு, லேபிளில் கல்கத்தாவுக்குப் பக்கத்து 'டம் டம்' ஆலையின் பெயர். கையிலிருந்த காசுக்கு ஒரு பழைய டர்ன்டேபிள் வாங்கிப் போட்டுப் பார்த்திருக்கிறார். "முதல் பாட்டு தேன் மாதிரி வருகிறது அங்கிள். அதே பக்கத்தின் கடைசிப் பாட்டு வந்ததும் 'ச', 'ஸ' வருகிற இடமெல்லாம் சூடான தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரி சீறுகிறது. கார்ட்ரிட்ஜை மாற்று என்கிறார்கள். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் விலை நாலு மடங்கு வித்தியாசம். எதை வாங்க?"

நான் அதே டர்பன் பக்கத்து சாட்ஸ்வொர்த்தில் பல வருஷம் பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுத்தவன், கடைக்காரன் அல்ல. ஆனால் அந்தக் 'கடைசிப் பாட்டு' என்ற சொல்லிலேயே முக்கால்வாசி விடை இருக்கிறது.

பள்ளிக்கூடப் பாடத்தை வேகமாக ஓட்டிவிடலாம். காந்தம் அசைந்தால் பக்கத்துக் கம்பிச்சுருளில் மின்சாரம் பிறக்கும். 1831-இல் ஃபாரடே கண்டது. கார்ட்ரிட்ஜ், அதாவது டர்ன்டேபிள் கையின் நுனியில் முள்ளைத் தாங்கும் குட்டிப் பெட்டி, அதுவேதான். வைர முள், அதைப் பிடித்திருக்கும் மெல்லிய காம்பு, காம்பின் மறுமுனையில் ஒரு துளி காந்தம், சுற்றிலும் அசையாத சுருள்கள். இது 'மூவிங் மேக்னெட்' வகை. மூன்று முதல் ஐந்து மில்லிவோல்ட் வரை தரும், முள் தேய்ந்தால் கையாலேயே கழற்றி மாற்றலாம். 'மூவிங் காயிலில்' சுருள் அசையும், காந்தம் சும்மா இருக்கும். பெரும்பாலானவை அரை மில்லிவோல்ட்கூடத் தராது, தனி பெருக்கி வேண்டும், முள் போனால் பல வகைகளில் முழுக் கார்ட்ரிட்ஜும் போச்சு. மலிவு சூட்கேஸ் பிளேயர்களில் வரும் செராமிக் வகை மூன்றாவது; தட்டின் மேல் கனமாக உட்காரும். குறைந்த செலவில் நல்ல ஒலி வேண்டுமென்றால் மூவிங் மேக்னெட்தான். இதில் விவாதத்துக்கு இடமில்லை.

சரி, இனி எனக்குப் பிடித்த இடம்.

இசைத்தட்டு பிறப்பது உளியால். மூலத்தட்டின் மேல் ஒரு சின்ன உளி பாட்டுக்கேற்ப ஆடிக்கொண்டே பள்ளம் வெட்டுகிறது. உளிக்குக் கூரான விளிம்பு உண்டு. எவ்வளவு நெருக்கமான வளைவையும் அது வெட்டிவிடும். ஆனால் படிக்க வரும் முள்ளுக்கு அந்தக் கூர்மை கூடாது. கூராக இருந்தால் அதுவும் உளியாகி, பாட்டையே சீவி எறிந்துவிடும். அதனால் முள்ளின் நுனியை உருட்டி மழுக்குகிறார்கள். உளி எழுதியதை உருண்டை படிக்க வேண்டும். கார்ட்ரிட்ஜ் தொழிலின் சிக்கலெல்லாம் இங்கே தொடங்குகிறது.

இப்போது தட்டின் சுழற்சியைப் பாருங்கள். எல்.பி., அதாவது நீண்ட நேரம் ஓடும் வினைல் தட்டு, நிமிடத்துக்கு 33⅓ சுற்று, முதல் பாட்டானாலும் கடைசிப் பாட்டானாலும் அதே சுற்று. ஆனால் வெளி விளிம்பில் ஒரு சுற்று என்பது நீண்ட வட்டம், லேபிளுக்குப் பக்கத்தில் குட்டி வட்டம். ராட்டினத்தின் ஓரத்தில் உட்கார்ந்த பிள்ளைக்கும் நடுத்தூணை ஒட்டி உட்கார்ந்த பிள்ளைக்கும் உள்ள வித்தியாசம். கணக்குப் போட்டால், வெளியே முள்ளின் அடியில் பள்ளம் விநாடிக்கு 51 சென்டிமீட்டர் ஓடுகிறது. உள்ளே 21 மட்டும். அதாவது, ஒரு விநாடிப் பாட்டை வெளியே 51 சென்டிமீட்டர் நீளத்தில் விசாலமாக எழுதிய கை, உள்ளே 21 சென்டிமீட்டரில் நுணுக்கி எழுதியாக வேண்டும்.

'ஸ' என்ற ஒலியில் 10,000 ஹெர்ட்ஸ் வாக்கில் நிறைய அதிர்வு இருக்கிறது. அந்த அதிர்வின் ஓர் அலை வெளிப்புறத்தில் 51 மைக்ரான் நீளம், உட்புறத்தில் 21 மைக்ரான். தலைமுடியின் தடிமன் 70 மைக்ரான் வாக்கில் என்று ஞாபகம் வைத்துக்கொண்டால் அளவு புரியும். நீளம் இரண்டரை மடங்கு சுருங்கினால் வளைவு இரண்டரை மடங்கு கூர்மையாகும் என்று நினைப்போம். அப்படியில்லை. வளைவு ஆரம் அலைநீளத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. கிட்டத்தட்ட ஆறு மடங்கு கூர்மையாகிறது. ஒரு பள்ளச் சுவரில் 10,000 ஹெர்ட்ஸ் ஒலியை விநாடிக்கு 5 சென்டிமீட்டர் உச்ச வேகத்தில் பதித்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டு காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். வெளியே வளைவின் ஆரம் 80 மைக்ரானுக்கும் மேல். உள்ளே வெறும் 14.

மலிவான கார்ட்ரிட்ஜில் வரும் 'கோனிக்கல்' முள்ளின் நுனி உருண்டை. அதன் ஆரம் 15 முதல் 18 மைக்ரான். 80 மைக்ரான் வளைவில் அது ஜாலியாக இறங்கி ஏறும். 14 மைக்ரான் வளைவுக்குள் நுழையவே முடியாது. குறுகலான சந்துமுனையில் பெரிய பஸ் திரும்புவதைப் பார்த்திருப்பீர்களே, அப்படித்தான். மூலையைத் தொடாமல் இரண்டு பக்கமும் உரசிக்கொண்டு தாண்டிவிடுகிறது. அந்த உரசல்தான் நம் வாசகியின் தோசைக்கல். முதல் பாட்டு தேனாகவும் கடைசிப் பாட்டு சீறலாகவும் வருவதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது.

நுனியை முழுவதும் சின்னதாக்கினால் தீருமா? தீராது. சின்ன உருண்டை பள்ளத்தின் அடியில் போய் விழும். அங்கே இருப்பது தூசியும் மண்ணும். பக்கவாட்டில் அகலமாகவும், ஓடும் திசையில் ஒல்லியாகவும் இருக்க வேண்டும். அதாவது கொஞ்சம் உளிபோல. 'எலிப்டிக்கல்' முள் இதுதான். பக்கவாட்டில் 18 மைக்ரான் ஆரம். சுவரைத் தொடும் ஓரத்தில் 8 மைக்ரான். 14 மைக்ரான் சந்தில் இந்த வண்டி திரும்பிவிடும். இதற்கும் மேலே 'மைக்ரோலைன்' என்று ஒன்று, ஓரத்தின் ஆரம் 3 மைக்ரான்தான். 1970-களில் நாலு ஒலிவழித் தட்டுகளுக்காக ஜப்பானின் ஜே.வி.சி. உருவாக்கிய 'ஷிபாட்டா' முள்ளும் இதே குடும்பம்.

ஆக, கார்ட்ரிட்ஜ் வாங்கும்போது நீங்கள் காசு கொடுப்பது வைரம் எவ்வளவு தூரம் உளியை நெருங்கியிருக்கிறது என்பதற்கு. மற்றதெல்லாம் சில்லறை. தங்கமுலாம், மரக்கூடு, கம்பி எந்தத் திசையில் ஓடுகிறது, பெட்டியின் மேல் என்ன கல்லை வைத்தால் இசை 'திறக்கும்' என்று ஆயிரக்கணக்கான ராண்டுக்கு விற்பவர்கள் இருக்கிறார்கள். புது வண்டிச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கும் நம்மவர்களைப் பார்த்துச் சிரிப்பவர்களே இதை வாங்குகிறார்கள். எலுமிச்சம்பழமாவது மலிவு.

பெயர் சொல்லிக் கேட்டால் இதோ. ஆடியோ டெக்னிக்காவின் 'வி.எம். 95' வரிசையில் உடல் எல்லாவற்றுக்கும் ஒன்றே, முள் மட்டும் வேறு. 'சி' என்றால் உருண்டை, 'இ' என்றால் எலிப்டிக்கல், 'எம்.எல்.' மைக்ரோலைன். எனக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடிக்கும்: இன்றைக்கு 'இ' வாங்கலாம், கையில் காசு சேர்ந்ததும் முள்ளை மட்டும் பிடுங்கி 'எம்.எல்.' செருகலாம். டென்மார்க்கில் 1918 முதல் இருக்கும் ஆர்ட்டஃபோனின் '2எம் ரெட்' கார்ட்ரிட்ஜும் எலிப்டிக்கல்தான், அதே 8க்கு 18. 'ரெட்' உடலில் அதற்கு அடுத்த படியான 'ப்ளூ' முள்ளும் ஏறும். இவற்றில் எதை எடுத்தாலும் தவறில்லை. எலிப்டிக்கலுக்குக் கீழே இறங்க வேண்டாம் என்பதுதான் என் கட்சி. இன்னொரு கணக்கும் உண்டு. ஆடியோ டெக்னிக்கா சொல்லும் ஆயுள் எலிப்டிக்கலுக்கு 300 மணி நேரம், மைக்ரோலைனுக்கு 1000. விலை இரண்டு மடங்குக்கு மேல் என்றாலும், தினமும் கேட்பவருக்கு மைக்ரோலைன் உண்மையில் மலிவு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் கேட்பவருக்கு இந்தக் கணக்கு வேலை செய்யாது.

கார்ட்ரிட்ஜோடு கூடவே கிராம் தராசு ஒன்று வாங்குங்கள். பொன் நிறுக்கிற மாதிரி குட்டி டிஜிட்டல் தராசு, விலை சொற்பம். முள்ளின் அழுத்தம் 2 கிராம் என்று போட்டிருந்தால் 2 கிராம்தான். வாலிப வயதில் ஒரு தட்டு தாவிக்கொண்டே இருந்ததற்கு நான் முள்ளின் தலைமேல் ஒரு நாணயத்தை வைத்தேன். தாவுவது நின்றது. அந்தப் பாட்டின் ஒரு சரணத்தில் பாடகர் இன்றைக்கும் ஜலதோஷத்தோடு பாடுகிறார். முள் சுவரைத் தொடும் இடம் சில பத்து சதுர மைக்ரான்தான். 2 கிராமே அங்கே சதுர மில்லிமீட்டருக்குப் பல பத்து கிலோவாக அழுத்துகிறது. குறைவாக வைப்பதும் பாவம்தான்: முள் சுவரிலிருந்து எகிறி எகிறி விழும், அந்த அடி இன்னும் மோசம். எலிப்டிக்கல் முள் கோணலாக நின்றால் அதன் பலன் பாதியாகிவிடும், ஆகவே கூடவே வரும் அளவுக் காகிதத்தை வைத்து நேராக்கிக்கொள்ளுங்கள். கார்ட்ரிட்ஜில் மாட்டும் நாலு கம்பிகளில் வெள்ளை, நீலம் இடது ஒலிக்கு. சிவப்பு, பச்சை வலதுக்கு.

இதற்கு நடுவில் காசே செலவில்லாத ஒரு வித்தை இருக்கிறது. தாத்தாவின் தட்டுகளில் பெரும்பாலானவை மோனோவாகத்தான், அதாவது ஒரே ஒலிவழியாகத்தான், இருக்கும். மோனோப் பள்ளம் இடம் வலமாக மட்டுமே ஆடும். ஆனால் உளியின் முகம் தட்டையானது. சரிவாகப் போகும் இடங்களில் அது வெட்டும் பள்ளம் குறுக்கே சற்று ஒடுங்கிவிடும். பள்ளம் ஒடுங்கியதும் உருண்டை முள் பிதுங்கி மேலே எழும். ஒவ்வொரு அலைக்கும் இரண்டு தடவை. பாட்டில் இல்லாத இந்தக் குதிப்பை ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜ் பாட்டு என்று நம்பி ஒலியாக்குகிறது. அழகு என்னவென்றால், மேல் கீழ் அசைவு இடது ஒலியில் கூட்டலாகவும் வலது ஒலியில் கழித்தலாகவும் வரும். இரண்டையும் சேர்த்தால் அது தன்னைத் தானே தின்றுவிடும். பாட்டு மட்டும் மிஞ்சும். பள்ளத்தின் அடியில் கிடக்கும் தூசியின் கரகரப்பிலும் பாதி இப்படிப் போய்விடும். பெருக்கியில் 'மோனோ' என்று ஒரு பொத்தான் இருந்தால் அழுத்துங்கள். கணினியில் ஏற்றுவதாக இருந்தால் மென்பொருளில் இரண்டு வழியையும் கூட்டி ஒன்றாக்குங்கள். நான் முதன்முதலில் இதைச் செய்தபோது, வீட்டுக்காரி சமையலறையிலிருந்து வந்து "வேறு தட்டா?" என்று கேட்டாள்.

முள்ளே வைக்காமலும் தட்டைப் படிக்கலாம். அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் கார்ல் ஹேபர் என்ற துகள் இயற்பியலாளர், அணுத்துகள்களின் தடத்தை அளக்கும் உத்தியை வைத்தே பள்ளங்களைப் படம் பிடித்து ஒலியாக்குகிறார். 1860 ஏப்ரலில் பாரிஸில் புகைக்கரி படிந்த காகிதத்தில் கீறி வைத்த ஒரு பாட்டை, 148 வருஷம் கழித்து 2008-இல் அங்கேதான் முதன்முறையாகக் கேட்டார்கள். அதே 1860 நவம்பரில் சென்னையிலிருந்து நம்மவர்களை ஏற்றிக்கொண்டு ட்ரூரோ கப்பல் டர்பனில் வந்து நின்றது. "அணுவைத் துருவி யாருக்கு என்ன லாபம், கரூவில் தொலைநோக்கி நட்டு யாருக்கு என்ன லாபம்" என்று கல்யாண வீட்டுப் பந்தியில் கேட்பவர்களுக்கு நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன். அங்கே நிற்கும் மீர்காட் ரேடியோ தொலைநோக்கியின் 64 ஏரியல் தட்டுகளுக்குக் கொடுத்த பணத்தில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஃபீனிக்ஸ், சாட்ஸ்வொர்த் அலமாரிகளில் பூஞ்சை பிடித்துக் கிடக்கும் தட்டுகளைக் கணினியில் ஏற்ற அதில் ஒரு துளி ஒதுக்கினால் இன்னும் சந்தோஷப்படுவேன்.

கடிதத்தின் கடைசியில் வாசகி ஒரு வரி சேர்த்திருக்கிறார்: ஆயாவின் கல்யாணத்துக்கு வந்த மூன்று கனமான கறுப்புத் தட்டுகளும் இருக்கின்றன, அவற்றையும் இதே முள்ளில் போடலாமா என்று. கூடாது. அவை நிமிடத்துக்கு 78 சுற்றுத் தட்டுகளாக இருக்க வேண்டும். அவற்றின் பள்ளம் அகலம், வேண்டிய நுனி ஆரம் 76 மைக்ரான். எல்.பி. முள் அதில் கிணற்றில் விழுந்த கூழாங்கல் மாதிரி அடியில் கிடந்து உருளும். வி.எம். 95 வரிசையில் இதற்கென்றே 'எஸ்.பி.' முள் உண்டு, அதே உடலில் செருகலாம், 5 கிராம் அழுத்தம் வைக்க வேண்டும். உங்கள் டர்ன்டேபிளில் 78 வேகம் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், அழுக்கு போகவில்லை என்று ஸ்பிரிட்டைத் தொட்டுத் துடைத்துவிடாதீர்கள். வினைல் தாங்கும், ஆயாவின் தட்டு தாங்காது. அது அரக்கு, ஸ்பிரிட்டில் கரையும்.