தொய்வு இல்லாத பிள்ளைக்கும் மூச்சு முட்டும்

இந்த இலையுதிர்காலத்தில் இது நான்காவது பிள்ளை. பதினான்கு வயது. சனிக்கிழமை காலை கழகப் போட்டியில் டென்னிஸ் ஆடிக்கொண்டிருந்தவள், இரண்டாவது செட்டில் இருமத் தொடங்கியிருக்கிறாள். ஆட்டத்தை நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லவில்லை. மதியம் என்னுடைய அறைக்கு வந்தபோது ஒரு முழு வசனம் பேச அவளால் முடியவில்லை. இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு. நெஞ்சில் குழாயை வைத்தால் இரு பக்கமும் விசில். இரத்தத்தில் ஒக்சிசன் 93 சதவீதம்.

தகப்பன் சொன்னது இதுதான்: "அவளுக்குத் தொய்வு, அதுதான் ஆஸ்மா, ஒண்டும் இல்லை டொக்டர். ஓட்டத்தில பள்ளிக்கூடத்திலேயே முதலாவது ஆள். இந்தப் புகை அவளை என்ன செய்யப்போகுது எண்டுதான் விட்டனாங்கள்."

மற்ற மூன்று வீடுகளிலும் எனக்குக் கிடைத்தது இதே பதில். அதனால்தான் இதை எழுதுகிறேன். (பிள்ளைகளை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை மாற்றியிருக்கிறேன். அங்காடியில் சந்தித்து "அது எங்கட பிள்ளையோ?" என்று கேட்காதீர்கள்.)

மெல்பேர்ணில் இருப்பவர்களுக்குப் புகை எங்கிருந்து வருகிறது என்று நான் சொல்லத் தேவையில்லை. கோடையில் காட்டுத்தீ. இலையுதிர்காலத்தில், அடுத்த கோடையின் தீயைக் குறைப்பதற்காகத் திட்டமிட்டுக் காட்டை எரிக்கிறார்கள். குளிர்காலத்தில் விறகு ஹீட்டர். காற்று அசையாத காலைகளில் மூன்றும் ஊரின் மேல் படுத்துக் கிடக்கும். விசயம் அதுவல்ல. உறுதியான உடம்பு புகைக்குக் கவசம் என்ற எண்ணம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

டென்னிஸ் வீராங்கனை டாலிலா யாகுபோவிச்சை நினைவிருக்கிறதா? பெயரைப் பார்த்தாலே தெரியும், போஸ்னியக் குடும்பம். 1991ல் ஸ்லோவேனியாவின் யெசெனிட்சேயில் பிறந்தவர். அது இரும்பு உருக்கும் ஊர். யூகோஸ்லாவியக் காலத்தில் அந்த ஆலை வேலைக்காகப் போஸ்னியாவிலிருந்து பல குடும்பங்கள் அங்கே போய்க் குடியேறின. ஸ்லோவேனியாவுக்காக ஆடி, ஒற்றையரில் உலகின் முதல் 100 பேருக்குள் வந்து, இரட்டையரில் அதைவிடப் பெயர் எடுத்தவர். 2020 ஜனவரியில் அவருடைய தரவரிசை 180. அவுஸ்திரேலிய ஓப்பனின் தகுதிச் சுற்றில் ஆட மெல்பேர்ணுக்கு வந்திருந்தார்.

ஜனவரி 14. கிழக்கு ஜிப்ஸ்லாந்தில் எரிந்துகொண்டிருந்த காட்டின் புகை நகரத்தை மூடியிருந்தது. காற்றின் தரம் 'அபாயகரம்' என்று மாநிலச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு அறிவித்திருந்தது. காலைப் பயிற்சியை நிறுத்தினார்கள், ஆட்டங்களை ஒரு மணித்தியாலம் பிந்தித் தொடங்கினார்கள், ஆனால் தொடங்கினார்கள். யாகுபோவிச் சுவிட்சர்லாந்தின் ஸ்டெஃபனி ஃபோகலேயோடு ஆடி முதல் செட்டை 6-4 என்று வென்றிருந்தார். இரண்டாவதில் 5-6. இருமல் வந்தது, வந்து நிற்கவில்லை. மைதானத்திலேயே முழங்காலில் விழுந்தார். ஆட்டத்தில் முன்னிலையில் இருந்தவர், அதை விட்டுக்கொடுத்துத் தாங்கலோடு வெளியே நடந்தார். விழுந்துவிடுவேன் என்று பயந்ததாகவும், இதுபோல் முன்பு ஒருநாளும் வந்ததில்லை என்றும், தனக்கு ஆஸ்மா கிடையாது என்றும் பிறகு சொன்னார்.

கடைசி மூன்று சொற்களைத் திரும்பப் படியுங்கள். தனக்கு ஆஸ்மா கிடையாது. அந்தத் தகப்பன் என்னிடம் சொன்னதும் அதுதானே?

அன்று அவர் தனியாகவும் இல்லை. கனடாவின் யூஜெனி பூஷார் நெஞ்சு வலி என்று வைத்திய உதவி கேட்டார். தாய்வழியில் போஸ்னியரான பேர்னாட் டோமிச்சும் மூச்சு எடுக்க முடியாமல் உதவி கேட்டார். மெல்பேர்ணின் இன்னொரு மைதானமான கூயோங்கில் மரியா ஷரபோவாவும் லௌரா சீகமுண்டும் ஆடிய காட்சி ஆட்டம் இரண்டாவது செட்டில் நிறுத்தப்பட்டது. எல்லாரும் உலகத்தின் மிக உறுதியான நுரையீரல்காரர்கள்.

சரி, ஏன்? பயிற்சி கூடினால் ஆபத்து கூடுமே தவிரக் குறையாது. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த ஓர் இடத்தில்தான் எல்லாரும் தடுக்கி விழுகிறார்கள். நீங்கள் சோபாவில் இருந்து இதை வாசிக்கும்போது நிமிடத்துக்கு ஆறிலிருந்து எட்டு லீற்றர் காற்று உள்ளே போகும். ஒரு நீண்ட ராலியை ஓடி முடித்த விளையாட்டு வீரருக்கு அது நூறு லீற்றரைத் தாண்டும். அதே மைதானத்தில், அதே புகையில், பார்வையாளர் வாங்குவதைவிடப் பத்து மடங்குக்கு மேல் புகையை ஆடுகிறவர் வாங்குகிறார். அதோடு மூக்கால் அல்ல, வாயால். மூக்கு என்பது வடிகட்டி. ஓடும்போது அதைக் கழற்றி வைத்துவிடுகிறோம். புகையில் இருக்கும் நுண்துகள் மயிரின் தடிப்பில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லை. அது ஆழமாகப் போய் மூச்சுக்குழாயின் உள்தோலை அரிக்கிறது; குழாய் சுருங்குகிறது. பலமான இதயமும் தொடையும் அந்தத் துகளை வெளியே தள்ளாது. பிள்ளை உறுதியாக இருந்தால் ஒன்று மட்டும் நடக்கும்: களைக்காமல் அதிக நேரம் ஓடுவாள். அதாவது அதிக நேரம் புகையைக் குடிப்பாள்.

இதற்கு எனக்கு வழக்கமாக வரும் எதிர்வாதம்: "நாங்கள் விறகடுப்புப் புகைக்குள்ள வளர்ந்தனாங்கள் டொக்டர், எங்களுக்கு என்ன வந்தது?" உங்களுக்கு வரவில்லை. ஊரில் அந்த அடுப்பை ஊதிய ஆச்சிமாரைக் கேளுங்கள். ஒரு சுருட்டும் தொட்டுப் பார்க்காத கிழவிகள் நாற்பது வருடம் புகைத்தவர்களின் நுரையீரலோடு கிளினிக்குக்கு வந்து இருந்ததை நான் பயிற்சிக் காலத்தில் பார்த்திருக்கிறேன். ஆச்சியின் இருமலை வீட்டில் யாரும் நோய் என்று எண்ணவில்லை, அவ்வளவுதான்.

இதே வாதத்தின் மேல்நாட்டு வடிவமும் உண்டு. ஒரு பயிற்சியாளர் போஸ்னியாவையே எனக்கு எடுத்துக்காட்டினார். மெர்வானா யுகிச்-சல்கிச் 1980ல் செனிட்சாவில் பிறந்தவர். அதுவும் இரும்பாலை நகரம். பள்ளத்தாக்கில் கிடப்பதால் குளிர்காலத்தில் ஆலைப் புகையும் வீட்டு நிலக்கரிப் புகையும் மேலே போகாமல் மூடி போட்டதுபோல நின்றுவிடும். சரயேவோவிலும் இதே கதை. போர் தொடங்கும்போது அந்தப் பெண்ணுக்கு வயது பன்னிரண்டுகூட முடியவில்லை. அப்படி வளர்ந்தவர்தான் 2004ல் குரோவேஷியாவின் யெலேனா கொஸ்தானிச்சோடு சேர்ந்து ஓக்லாந்தில் இரட்டையர் பட்டம் வென்றார், அதே வருடம் ஒற்றையரில் முதல் 100க்குள்ளும் வந்தார். "பார்த்தீர்களா, புகை பிள்ளைகளை உரமாக்கும்" என்றார் அந்தப் பயிற்சியாளர்.

அந்தப் பெண்ணின் சாதனை பெரியது. ஒரு சின்ன நாட்டிலிருந்து, போருக்குப் பிறகு, அந்த இடத்துக்கு வருவது சாதாரணமல்ல. ஆனால் அதற்கான பெருமையைப் புகைக்குக் கொடுப்பது எந்த நியாயம்? செனிட்சாவில் இருமி இருமிப் பன்னிரண்டு வயதில் ராக்கெட்டைத் தூக்கி மூலையில் வைத்த பிள்ளைகளின் தரவரிசை எந்தப் பட்டியலிலும் இல்லை. மேலே வந்தவரை மட்டும் எண்ணினால் எந்தப் பள்ளத்தாக்கும் சுகமான ஊர்தான்.

யாகுபோவிச் ஏன் முன்பே நிறுத்தவில்லை என்று கேட்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 180ஆம் இடத்தில் இருக்கும் ஒரு பெண்ணுக்குக் கிராண்ட் ஸ்லாம் தகுதிச் சுற்று என்பது வருடத்துச் செலவு. மூன்று ஆட்டம் வென்றால் பிரதான சுற்று. அந்தப் பணத்தில்தான் பயிற்சியாளர், விமானம், ஹோட்டல் எல்லாம். பெரிய நட்சத்திரங்களுக்கு மெல்பேர்ண் பார்க்கில் கூரை மூடும் அரங்குகள் மூன்று இருக்கின்றன. தகுதிச் சுற்றுக்காரர் வெளி மைதானத்தில். ஆடச் சொன்னால் ஆட வேண்டும். தங்களை அன்று ஆடவிட்டது நியாயமில்லை என்று அவர் கோபப்பட்டதில் முழு நியாயம் இருந்தது.

சரி, அது அவருடைய பிழைப்பு. உங்கள் பிள்ளை ஆடுவது சனிக்கிழமைக் கிண்ணத்துக்கு. கோப்பை பிளாஸ்டிக்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு போட்டி நிர்வாகம் ஓர் அளவுகோலை வெளியிட்டது. நுண்துகள் ஒரு கனமீற்றருக்கு 200 மைக்ரோகிராமைத் தாண்டினால் ஆட்டம் நிற்கும். 97க்கும் 200க்கும் இடையில் என்றால் கலந்து பேசி முடிவு. சில பெற்றோர் இந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு "இன்றைக்கு 80 தானே" என்று வருகிறார்கள். ஐயா, அம்மா, அந்த எண் வளர்ந்த தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு. மைதான ஓரத்திலேயே வைத்தியர் நிற்கும் போட்டிக்கு. உலக சுகாதார அமைப்பு ஒரு நாள் சராசரிக்குச் சொல்லும் எல்லை 15. உங்கள் கழகத்தில் மைதான ஓரத்தில் நிற்பது தேநீர் ஊற்றும் அங்கிள்.

இன்னொன்று, நம் சமூகத்துக்கென்றே சொல்ல வேண்டியது. 2016 நவம்பர் 21 மாலை மெல்பேர்ணில் இடிமழை ஆஸ்மா வந்தது. ரைகிராஸ் என்ற புல்லின் மகரந்தம் காற்றில் உடைந்து தூளாகிப் பத்துப் பேர் இறந்தார்கள். பாதிக்கப்பட்டவர்களில் நம்மைப்போல் இந்தியாவிலிருந்தும் சுற்றிலுமிருந்தும் வந்தவர்கள் விகிதத்துக்கு மிஞ்சி இருந்தார்கள். பலருக்கு அதுவரை ஆஸ்மா என்று யாரும் சொல்லியிருக்கவில்லை. இருந்ததெல்லாம் வசந்தகாலத் தும்மல். அன்றைக்கு வந்தது புகை இல்லை, ஆனால் தும்மல் இருக்கும் மூச்சுக்குழாய் புகைக்கும் கோபப்படும். "தும்மல்தானே" என்று விட்ட பிள்ளைகளை ஒருமுறை காட்டுங்கள். என்னிடம்தான் வரவேண்டும் என்றில்லை.

செய்ய வேண்டியது அதிகமில்லை. சனிக்கிழமை விடிய எழும்பியதும் காற்றின் தரத்தைக் காட்டும் மாநிலத்தின் ஏர்வாட்ச் இணையப் பக்கத்தைப் பாருங்கள், உங்கள் வீட்டுக்கு அல்ல, மைதானத்துக்குக் கிட்டிய நிலையத்தை. 'மோசம்' என்று இருந்தால் பிள்ளை ஓடக்கூடாது. மணக்கவில்லை, மூக்கில் கரியில்லை என்பதெல்லாம் பேச்சில்லை. நீல நிற அறுவைச் சிகிச்சை முகக்கவசம் இந்தத் துகளைத் தடுக்காது. பி2 என்ற வடிகட்டி முகக்கவசம் தடுக்கும், ஆனால் அதைப் போட்டுக்கொண்டு டென்னிஸ் ஆட முடியாது, ஆகவே அதுவும் வழியல்ல. வீட்டில் ஜன்னலைப் பூட்டுங்கள். பூட்டிவிட்டு உள்ளே சாம்பிராணி போடாதீர்கள்! சிரிக்க வேண்டாம், போன வருடம் ஒரு வீட்டில் அதைத்தான் செய்திருந்தார்கள்.

மைதானத்தில் இருமல் தொடங்கினால் அந்தப் புள்ளியோடு ஆட்டம் முடிந்தது. "இந்த கேமை முடிச்சிட்டு" கிடையாது. பிள்ளையை நிமிர்த்தி இருத்துங்கள், படுக்க வைக்காதீர்கள். நீலப் பஃபர் (மூச்சுக்குழாயைத் திறக்கும் உறிஞ்சு மருந்து) இருந்தால் ஸ்பேசர் என்ற இணைப்புக் குழல் வைத்து ஒவ்வொன்றாக நாலு தரம், ஒவ்வொன்றுக்கும் நாலு மூச்சு. நாலு நிமிடம் பொறுங்கள். திருந்தவில்லை என்றால் இன்னொரு நாலு. அப்போதும் இல்லையென்றால் அவசர எண் 000. பேச முடியவில்லை, உதடு நீலம் என்றால் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம், உடனே 000. காரில் ஏற்றி என்னிடம் கொண்டு வருவது வழியல்ல. அந்த டென்னிஸ் பிள்ளையை அன்றைக்கு அப்படித்தான் கொண்டு வந்தார்கள், பாதையில் நெரிசல் இல்லாததால் தப்பினாள்.

பஃபரும் மாத்திரையும் கொடுத்து, இரண்டு மணித்தியாலம் பக்கத்து அறையில் வைத்திருந்து, ஒக்சிசன் அளவு 97க்கு வந்த பிறகுதான் வீட்டுக்கு விட்டேன். போகும்போது அவள் கேட்ட முதல் கேள்வி, அடுத்த கிழமை இறுதியாட்டம், ஆடலாமா என்பதுதான். முதல் கிழமை ஓய்வு, பிறகு மூச்சுப் பரிசோதனை, பிறகு பார்ப்போம் என்றேன். முகம் சுருங்கிவிட்டது. தகப்பன் வாசலில் நின்று, பயிற்சியாளருக்கு என்ன சொல்வதென்று கேட்டார். என்னுடைய நம்பரைக் கொடுங்கள் என்றேன். பயிற்சியாளர் இன்னும் எடுக்கவில்லை, எடுப்பார்.