கைத்தேர்வுக் கியர்: ஒரு சொல் விளக்கம்

'கையேடு பரிமாற்றம்' என்ற தொடரைக் கார் விற்கும் செயலிகளிலும் காப்பீட்டு விளம்பரங்களிலும் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. கிளட்ச் மிதித்துக் கியர் போடும் சாதாரண வண்டியைத்தான் அப்படிச் சொல்கிறார்களாம். இப்போது அதற்கும் மேலே போய்விட்டார்கள். ஆட்டோமேட்டிக் காரில் கியரை நாமே கூட்டிக் குறைக்கும் வசதியைச் சொந்தமாகப் பொருத்திக்கொள்வது பற்றிய தமிழாக்கம் ஒன்றில், 'தானியங்கி பரிமாற்றத்தில் கையேடு கட்டுப்பாட்டைச் சேர்த்தல்' என்று தலைப்பு. எழுத்து தமிழ்தான். ஆனால் எங்கள் தேனி மாவட்டத்துக் கம்பத்திலோ கூடலூரிலோ எந்த ஒர்க்‌ஷாப்பில் படித்துக் காட்டினாலும் ஒருவருக்கும் விளங்காது. அந்த வசதிக்குக் 'கைத்தேர்வு' என்ற சொல்லை முன்வைக்கவே இதை எழுதுகிறேன்.

சொற்பிறப்பைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். மேனுவல் என்பது 'மானுஸ்' என்ற லத்தீன் சொல்லின் வழி வந்தது. மானுஸ் என்றால் கை. ஆங்கிலத்தில் அதுவே பெயர்ச்சொல்லாகிக் கைப்புத்தகத்தையும், பெயரடையாகிக் கையால் செய்வதையும் குறிக்கிறது. ஆட்டோமேட்டிக் கிரேக்கம், தானாக இயங்குவது. டிரான்ஸ்மிஷன் மறுபடியும் லத்தீன், அப்பால் அனுப்புதல். கியர் வட ஐரோப்பாவின் பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்தது. முதலில் அதற்குத் தளவாடம், ஆயத்தப் பொருள் என்றுதான் பொருள், பற்சக்கரம் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது.

ஆங்கிலத்தில் ஒரு சொல்லுக்கு இரண்டு வேலை. தமிழில் இரண்டுக்கும் தனித்தனிச் சொல் முன்பே இருக்கிறது: கையேடு, கைமுறை. அகராதியில் முதலில் கிடைத்ததை எடுத்து ஒட்டியதால் காருக்குள் ஏடு வந்து உட்கார்ந்துகொண்டது. பரிமாற்றமும் அப்படித்தான். கருத்துப் பரிமாற்றம், பணப் பரிமாற்றம் என்றால் இரு தரப்பு உண்டு, கொடுக்கல் வாங்கல் உண்டு. எஞ்சினில் பிறக்கும் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் பெட்டியில் கொடுக்கல் வாங்கல் எங்கே இருக்கிறது? இறக்கத்தில் சக்கரம் எஞ்சினைச் சுழற்றுகிறதே என்று யாராவது கேட்கலாம். அப்போதும் விசை ஒரு திசையில்தான் போகிறது, திசைதான் மாறியிருக்கிறது. மின்கடத்தி, வெப்பக்கடத்தி என்று பள்ளிப் பாடத்தில் படித்த நமக்கு 'விசைக்கடத்தி' என்றால் உடனே புரியும். கேரள எல்லையில் குமுளி சோதனைச் சாவடிப் பக்கம் கடத்தல் என்றால் ரேஷன் அரிசிதான் நினைவுக்கு வரும் என்பது உண்மை. ஆனால் முன்னால் விசை என்று வந்தபிறகு யாருக்கும் அரிசி ஞாபகம் வராது. அதுவும் வேண்டாமென்றால் 'கியர்பெட்டி' போதும்.

கியர் என்ற சொல்லைத் தமிழாக்கியே தீரவேண்டும் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கியரை, கியரில், கியருக்கு என்று எல்லா வேற்றுமை உருபையும் அது ஏற்றுக்கொண்டுவிட்டது. கியர் போடு, கியரை இறக்கு, கியர் விழவில்லை என்று நல்ல தமிழ் வினைகள் அதோடு சேர்ந்து புழங்குகின்றன. எல்லைக்கு இந்தப் பக்கம் லோயர் கேம்ப்பில் சொன்னாலும் மேலே வண்டிப்பெரியாற்றில் மலையாளத்தில் சொன்னாலும் அதே கியர்தான்.

மாற்றாகச் சொல்லப்படும் 'பல்லிணை'யைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். ஒரு சக்கரத்தின் பல் இன்னொன்றின் பல்லோடு இணைவது என்று கருதி ஆக்கிய சொல் அது. பற்சக்கரம் என்ற உறுப்புக்கு அழகாகப் பொருந்தும். ஆனால் ஓட்டுநர் 'மூணாவது கியர்' என்று சொல்லும்போது உறுப்பைச் சொல்லவில்லை, ஒரு விகிதத்தைச் சொல்கிறார். எஞ்சின் இத்தனை சுற்றினால் சக்கரம் இத்தனை சுற்றும் என்ற கணக்கு அது. வழக்கமான ஆட்டோமேட்டிக் பெட்டியில் இந்த வேறுபாடு இன்னும் கூர்மையாகிறது. அதனுள்ளே இருப்பது கோள் பற்சக்கரத் தொகுதி. நடுவில் ஒரு சக்கரம், அதைச் சுற்றிச் சிறிய சக்கரங்கள், வெளியே உள்பக்கம் பல் வைத்த வளையம். இவற்றின் பற்கள் எப்போதும் இணைந்தேதான் இருக்கும், ஒருபோதும் பிரிவதில்லை. எந்தச் சக்கரத்தை நிறுத்திப் பிடிப்பது, எதைச் சுழலவிடுவது என்பதில்தான் விகிதம் மாறுகிறது. பிடித்து விடுவது எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் உள் கிளட்ச்சுகள். இணைந்தது பிரியாமலே இருக்கும் இடத்தில் 'பல்லிணை மாற்றம்' என்றால் படிப்பவர் தவறான படத்தை மனத்தில் வரைந்துகொள்வார். படிப்படியாக இல்லாமல் விகிதம் தொடர்ச்சியாக மாறும் சிவிடி வண்டிகளில் விகிதத்தை மாற்றப் பல்லே கிடையாது, கப்பியும் பட்டையும்தான்; அதிலும் சில கார்களில் ஓட்டுநருக்கு ஏழு படிகள் வைத்துக் கூட்டிக் குறைக்க விடுகிறார்கள். பல்லால் விகிதம் மாறாத பெட்டியில் ஏழாம் பல்லிணை என்று எழுதுவதா?

இனி, தலைப்பில் சொன்ன வசதிக்கு வருவோம். கியர் ராடை டி-யில் (டிரைவ்) போட்டால் பெட்டியே கியரைப் பார்த்துக்கொள்ளும். பக்கத்தில் எம் (மேனுவல்) என்று ஒரு தடம் இருந்து, அதில் கூட்டல் கழித்தல் குறிகள் இருந்தால், அல்லது ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இரண்டு தகடுகள் இருந்தால், கியரை நாம் சொல்லலாம். 1990-ஐ ஒட்டி போர்ஷே 911-ல் டிப்ட்ரானிக் என்ற வணிகப் பெயரோடு வந்தபிறகு இது பரவலாகத் தெரியவந்தது. பொதுப்பெயராக மேனுமேட்டிக் என்ற ஒட்டுச்சொல் ஆங்கிலத்தில் புழங்குகிறது. அதே பெயரில் 1950-களில் பிரிட்டனில் வேறொரு சாதனம் விற்றது. அதில் கிளட்ச் மிதி கிடையாது, கியரை மட்டும் கையால் மாற்ற வேண்டும். ஆங்கிலத்திலேயே இந்தக் குழப்பம் இருக்கிறது, அதை நாமும் அப்படியே சுமக்கத் தேவையில்லை.

சுமக்கத்தான் செய்கிறார்கள். 'அரைத்தானியங்கி' என்று இந்த வசதிக்குப் பெயர் வைக்கிறார்கள். தானியங்கியும் கைமுறையும் பாதிப் பாதி, ஆகவே அரை என்பது அவர்கள் கணக்கு. இது தவறு, தெரியாத்தனமான தவறும்கூட. வேலையில் எந்தப் பாதியை இயந்திரம் செய்கிறது, எந்தப் பாதியை ஆள் செய்கிறார் என்று பார்க்கவேண்டும். 2020-ல் ஹூண்டாய் வென்யூவில் ஐஎம்டி என்று ஒன்று வந்தது. கிளட்ச் மிதி இல்லை. கிளட்ச்சை இயந்திரம் பார்த்துக்கொள்ளும். கியர் ராடைக் கையால் தள்ளி நாம்தான் போட வேண்டும். அதுதான் உண்மையான அரைத்தானியங்கி. 2014-ல் மாருதி செலேரியோவில் வந்து நம் ஊர்களில் பெருகிய ஏஎம்டி இன்னொரு வகை: உள்ளே சாதாரணக் கியர்பெட்டிதான், கிளட்ச்சையும் கியரையும் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் கை ஒன்று நமக்காக நகர்த்துகிறது. கூட்டல் கழித்தல் குறியைத் தட்டும் வசதியில் நாம் எதையும் நகர்த்துவதில்லை. எந்த வேலையிலும் பாதி நம்முடையதல்ல. எந்தக் கியர் என்ற முடிவு மட்டும்தான் நம்முடையது. அரைத்தானியங்கி என்ற பெயரை இதற்குச் செலவழித்துவிட்டால் ஐஎம்டிக்கு எதைக் கொடுப்பது? காரைத் திறந்து பார்க்காமல், திரையில் வந்த சொற்றொடரை மட்டும் பார்த்து மொழிபெயர்ப்பதால் வரும் வினை இது. எந்தப் பொத்தானுக்குக் கீழே இந்த எழுத்து வரப்போகிறது என்றுகூட மொழிபெயர்ப்பாளருக்குச் சொல்வதில்லை, அவரும் கேட்பதில்லை.

மற்றொரு ஆக்கம் 'கைமாற்றுக் கியர்'. கையால் மாற்றுவது என்ற பொருளில் ஒரு நண்பர் இதை விடாப்பிடியாக ஆதரிக்கிறார். கைமாற்று என்றால் நம்மிடம் வட்டியில்லாமல் அவசரத்துக்கு வாங்கும் சிறு கடன். கடத்திக்கு முன்னால் விசை என்று வந்தால் அரிசி மறந்துபோகும் என்றாயே, கைமாற்றுக்குப் பின்னால் கியர் என்று வந்தால் கடன் மறந்துபோகாதா என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி. கடன் பொருளுக்காக மட்டும் நான் இதை மறுக்கவில்லை. கை இங்கே மாற்றுவதில்லை என்பதுதான் என் மறுப்பு.

சொந்தமாகப் பொருத்துவது எப்படி நடக்கிறது என்று பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளில் 1990-களில் பரவலான 4எல்60-இ என்ற நான்கு கியர்ப் பெட்டியை எடுத்துக்கொள்வோம். வண்டியைச் சொந்தமாக மாற்றியமைப்பவர்களுக்கு மிகப் பழக்கமான பெட்டி அது. அதில் கியரைத் தீர்மானிப்பவை ஏ, பி என்ற இரண்டு சொலினாய்டுகள், அதாவது எண்ணெய் போகும் வழியை மாற்றும் மின் வால்வுகள். இரண்டுக்கும் மின்சாரம் போனால் முதல் கியர். பி-க்கு மட்டும் போனால் இரண்டாவது. இரண்டுக்கும் இல்லையென்றால் மூன்றாவது. ஏ-க்கு மட்டும் போனால் நான்காவது. வண்டியின் கணினி செய்துகொண்டிருந்த இந்த வேலையை ஆர்டுயினோ போன்ற ஒரு சிறு மின்பலகையிடம் கொடுத்து, அதோடு இரண்டு பொத்தான்களை இணைத்தால் கியர் நம் விரலுக்குக் கட்டுப்படும். விரல் தொடுவது பொத்தானை. பொத்தான் பலகைக்குச் சொல்கிறது, பலகை சொலினாய்டை இயக்குகிறது, எண்ணெய் போய்க் கிளட்ச்சை அழுத்துகிறது. மாற்றுவது எண்ணெய். தேர்வது கை.

அதனால்தான் 'கைத்தேர்வு' என்கிறேன். கைத்தேர்வுக் கியர், கைத்தேர்வு முறை, தானியங்கியில் கைத்தேர்வு. 'கைக்கட்டளை' என்றும் யோசித்துப் பார்த்தேன், அது அளவுக்கு மீறிச் சொல்கிறது. தொழிற்சாலையில் வைத்த கைத்தேர்வில், வேகமாகப் போகும்போது முதல் கியர் கேட்டால் கணினி மறுத்துவிடும். கொடுத்தால் எஞ்சின் தாங்காத சுற்றுக்குப் போய்விடும். மறுக்கக்கூடியதைக் கட்டளை என்று சொல்ல முடியாது. வீட்டில் செய்த பலகையில் அந்த மறுப்பை நாம் எழுதி வைத்தால்தான் உண்டு. எழுதாமல் விட்டால் கேட்டதை அது கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கும். தேர்வு என்ற சொல் இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது.

தேர்வதற்கும் கிடைப்பதற்கும் இடையில் இன்னொரு இடைவெளியும் உண்டு. மலைப்பாதையில் ஓட்டுபவர்களுக்கு அது முக்கியம். மேலே சொன்ன அதே பெட்டியில், ராடு டி-யில் இருக்கும்போது முதல் கியரை ஒருவழிப் பிடி ஒன்று தாங்குகிறது. எஞ்சின் சக்கரத்தை இழுக்கும்போது அது பிடிக்கும். இறக்கத்தில் சக்கரம் எஞ்சினை இழுத்தால் வழுக்கிவிடும். பொத்தானில் முதல் கியரைத் தேர்ந்தாலும் எஞ்சின் பிரேக், அதாவது எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிப்பது, கிடைக்காது. ராடையும் 1-க்கு இறக்க வேண்டும். எண்ணெய் அழுத்தத்தைக் கவனிக்காமல் சொலினாய்டுகளை மட்டும் தட்டும் பலகையும் ஆபத்தானதே. அழுத்தம் குறைந்தால் உள் கிளட்ச்சுகள் வழுக்கித் தேய்ந்து கருகும். வழிகாட்டியை மொழிபெயர்ப்பவர் இவற்றைப் புரிந்துகொள்ளாமல் 'கையேடு கட்டுப்பாடு' என்று எழுதினால், படித்துவிட்டு வயரை வெட்டுபவருக்கு யார் பொறுப்பு?

எங்கள் பக்கம் இது வெறும் சொல் தகராறு இல்லை. தேக்கடி பார்க்க வருகிறவர்கள் இப்போது ஆட்டோமேட்டிக் காரில்தான் பெரும்பாலும் வருகிறார்கள். ஏறும்போது சிக்கல் இல்லை. குமுளியிலிருந்து லோயர் கேம்ப்புக்கு இறங்கும்போது டி-யிலேயே விட்டுவிட்டு, வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவார்கள். பிரேக் சூடேறிக் கருகிய வாசனை வரும். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் ஓட்டுநர்கள் எந்தக் கியரில் ஏறினாயோ அந்தக் கியரில் இறங்கு என்று வழிவழியாகச் சொல்லிவருகிறார்கள். அந்தப் பாடத்தை ஆட்டோமேட்டிக் காரில் கடைப்பிடிக்கத்தான் எம் தடம் இருக்கிறது. லோயர் கேம்ப்பில் கருகும் பிரேக்கோடு வந்து நின்ற ஒருவரிடம், எம்-ல் போட்டு இறக்கியிருக்கலாமே என்றேன். "அண்ணே, அது என்னன்னே தெரியாது. புத்தகத்துல கையேடு பயன்முறைன்னு போட்டிருந்துச்சு, ஏதோ புத்தகம் பார்க்கச் சொல்றாங்கன்னு விட்டுட்டேன்" என்றார். அவர் நன்றாகப் படித்தவர். தமிழ் தெரியாதவர் இல்லை. சொல் அவரைக் கைவிட்டுவிட்டது.

மலையாளத்தில் இந்தத் துன்பம் குறைவு. ஓட்டோமாற்றிக் டிரான்ஸ்மிஷன் என்று ஒலியை அப்படியே எழுதிவிடுகிறார்கள். தமிழில் எழுதுபவர்களுக்கும் அதைச் சொல்வேன்: சரியான தமிழ்ச் சொல் கைவசம் இல்லையென்றால் மேனுவல் என்றே எழுதுங்கள். தவறான தமிழைவிடத் தெளிவான கடன்சொல் தமிழுக்குக் குறைந்த கேடு செய்யும். தூய தமிழ் வேண்டும் என்று கேட்பவன்தான் நானும். ஆனால் 'கையேடு பரிமாற்றம்' என்பதில் இருக்கும் ஒவ்வொரு எழுத்தும் தூய தமிழ், மொத்தத்தில் பொருள் இல்லை. அந்தத் தூய்மையால் யாருக்கு என்ன பயன்?

அந்தத் தலைப்பை நான் இப்படித் திருத்துவேன்: 'தானியங்கிக் கியர்பெட்டியில் கைத்தேர்வைச் சொந்தமாகப் பொருத்துவது'. கார்ப் புத்தகத்தில் இறக்கத்துக்கான குறிப்பு இப்படி இருக்கலாம்: 'மலை இறக்கத்தில் ராடை எம் தடத்துக்குத் தள்ளுங்கள். இனி கியரைத் தேர்வது நீங்கள். கழித்தல் குறியை ஒருமுறை தட்டினால் ஒரு கியர் இறங்கும். வேகம் அதிகமாக இருந்தால் வண்டி மறுக்கும். பிரேக் பிடித்து வேகம் குறைத்து மறுபடி தட்டுங்கள்.'