கடல் இல்லாத ஊரில் கடல் மீன் தொட்டி: முதல் ஆறு வாரம் தண்ணீருக்கு

தருமபுரி, கிருஷ்ணகிரி வீடுகளில் ஆசையாக வைத்த கடல் மீன் தொட்டி மூன்று மாதத்துக்குள் காலியானால், பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். தொட்டி, உப்பு, மீன் மூன்றும் ஒரே வாரத்தில் வீட்டுக்கு வந்திருக்கும். கோல்டு ஃபிஷ், கப்பி வளர்த்துப் பழகியவர்கள்தான் இதில் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். நன்னீர்த் தொட்டியில் இரண்டு நாள் காத்திருந்து மீனை விட்டால் எப்படியோ பிழைத்துக்கொள்ளும். கடல் நீரில் பிழைக்காது.

மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அம்மோனியா வருகிறது. தண்ணீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.எச். எண் 7 என்றால் அதில் பெரும்பகுதி அவ்வளவு தீங்கில்லாத அம்மோனியமாக இருக்கும். கடல் நீரின் பி.எச். 8.0 முதல் 8.4 வரை. அங்கே அதே அளவு கழிவில் நஞ்சான பகுதி பத்து மடங்குக்கு மேல் கூடுகிறது. போதாததற்கு, உப்பு நீரில் கரையும் ஆக்சிஜனும் நன்னீரைவிடச் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஆகவே அம்மோனியாவைத் தின்று தீர்க்கும் பாக்டீரியா தொட்டிக்குள் குடியேறிய பிறகுதான் மீன் வர வேண்டும். அதற்கு நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும்.

தொட்டியின் அளவில் கஞ்சம் வேண்டாம். சிறிய தொட்டி செலவு குறைவு என்று நினைப்பது தவறு. தண்ணீர் குறையக் குறைய வெப்பமும் உப்பும் வேகமாக ஏறி இறங்கும். 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் தொடங்குவதற்கு நல்ல அளவு. கணக்குக்கு 190 லிட்டர். மேலே விடும் இடைவெளி, பாறை, மணல் போக நிற்கும் தண்ணீர் சுமார் 150 லிட்டர். கீழே வரும் கணக்கெல்லாம் இந்த 150 லிட்டருக்குத்தான். கண்ணாடி 10 மில்லிமீட்டர் போடச் சொல்லுங்கள். பூஞ்சைத் தடுப்பு மருந்து கலந்த பாத்ரூம் சிலிக்கான் கூடாது. எல்லாம் சேர்ந்து 250 கிலோவைத் தாண்டும் என்பதால் மாடி வீடென்றால் அறையின் நடுவில் வைக்காமல் பீம் ஓடும் சுவரோரம் வையுங்கள். மேற்கு வெயில் படும் சுவர் ஆகாது. இரும்பு ஸ்டாண்டை உப்பு ஒரே வருடத்தில் அரிக்கத் தொடங்கும்; எப்பாக்ஸி பெயின்ட் இரண்டு கோட் அடித்து, மேலே தெர்மோகோல் விரித்துத்தான் தொட்டியை ஏற்ற வேண்டும்.

இனி தண்ணீர். நம் பக்கம் இந்தத் தொட்டிகளின் தலையெழுத்தே இதில்தான் இருக்கிறது.

இரண்டு மாவட்டத்திலும் தண்ணீர் என்றாலே ஃபுளோரைடுதான் நினைவுக்கு வரும். பல்லிலும் எலும்பிலும் அது செய்த கேட்டைத் தலைமுறையாகப் பார்த்தவர்கள் நாம். அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. ஆனால் கடல் மீனுக்கு முதல் எதிரி ஃபுளோரைடு இல்லை. இயற்கைக் கடல் நீரிலேயே லிட்டருக்குச் சுமார் 1.3 மில்லிகிராம் ஃபுளோரைடு உண்டு. போர் தண்ணீரில் அதைவிடப் பெரிய தொல்லைகள் மூன்று. வயலில் போட்ட உரத்திலிருந்து இறங்கும் நைட்ரேட், பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும் கடினத்தன்மை, கருங்கல் பாறையிலிருந்து கரையும் சிலிக்கா. முதலாவது பச்சைப் பாசியை வளர்க்கும். இரண்டாவது உப்பின் கணக்கைக் கெடுக்கும். மூன்றாவது கண்ணாடியிலும் மணலிலும் பழுப்புப் பாசியாகப் படரும். ஒகேனக்கல் தண்ணீர் இதைவிட மேல்தான், ஆனால் அதில் குளோரின் இருக்கும்.

எனவே ஆர்.ஓ. தண்ணீர் கட்டாயம். வீட்டில் ஏற்கெனவே ஆர்.ஓ. மெஷின் இருக்கிறதே என்று நேராகப் பிடித்து ஊற்றிவிடாதீர்கள். குடிப்பதற்கான மெஷினில் ருசிக்காக டி.டி.எஸ். (கரைந்த உப்புகளின் அளவு) கன்ட்ரோலர் வைத்து, சுத்திகரிக்காத தண்ணீரைக் கொஞ்சம் கலந்துவிடுவார்கள். மினரல் கார்ட்ரிட்ஜ் தனியாக இருக்கும். இப்போது வரும் பல மெஷின்களில் உடம்புக்கு நல்லதென்று காப்பர் கார்ட்ரிட்ஜும் சேர்ந்து வருகிறது. நமக்கு நல்லதோ என்னவோ, இறால், நத்தை, பவளம் எல்லாவற்றுக்கும் செம்பு விஷம். மிகச் சிறிய அளவே போதும். இந்த மூன்றுக்கும் முன்னாலேயே, தண்ணீரை வடிகட்டும் மெம்பரேன் முடிந்த இடத்தில் ஒரு டி இணைப்பு போட்டுத் தனிக் குழாய் எடுக்கச் சொல்லுங்கள். சர்வீஸ் ஆளுக்குக் கால் மணி நேர வேலை. அதே காரணத்துக்காகத் தண்ணீரைச் செம்புக் குடத்திலோ பித்தளை அண்டாவிலோ பிடிக்கக் கூடாது. உணவுக்கான பிளாஸ்டிக் டிரம் போதும்.

மெம்பரேன் வழியாக வரும் தண்ணீரிலும் நைட்ரேட்டும் சிலிக்காவும் ஓரளவு தப்பி வரும். டி.டி.எஸ். 1000 உள்ள போர் தண்ணீர் வெளியே வரும்போது 50, 80 என்று நிற்கலாம். அதனால் மெம்பரேனுக்குப் பிறகு மிஞ்சியதையும் பிடித்துவைக்கும் டி.ஐ. ரெசின் நிரப்பிய குழாய் ஒன்று வேண்டும். டி.டி.எஸ். மீட்டரில் 0 வர வேண்டும். 5 காட்டினால் ரெசின் மாற்றும் நேரம் வந்துவிட்டது. கேன் தண்ணீர் வாங்குபவர்கள் ஒவ்வொரு முறையும் மீட்டர் வைத்துப் பாருங்கள். ஒரே கடை கேனில் இன்றைக்கு 20 இருக்கும், அடுத்த வாரம் 90 இருக்கும்.

உப்புக்கு வருவோம். கடையில் கிடைக்கும் கல்லுப்பைக் கரைத்தால் கடல் நீர் ஆகிவிடாதா, அதுவும் கடலிலிருந்து வந்ததுதானே என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். ஆகாது. உப்பளத்தில் கடல் நீர் வற்றும்போது கால்சியம் முதலில் ஜிப்சமாகப் படிந்து பிரிந்துவிடுகிறது. பிறகு சோடியம் குளோரைடு விளைகிறது, அதுதான் நம் கல்லுப்பு. மெக்னீசியமும் பொட்டாசியமும் கசப்பு நீரில் தங்கி வெளியே போய்விடுகின்றன. அந்த உப்பைத் திரும்பக் கரைத்தால் நாக்குக்குக் கரிக்கும், மீனுக்குக் கடலாகாது. லிட்டருக்குக் கால்சியம் 400 மில்லிகிராமுக்குக் குறையாமலும் மெக்னீசியம் 1300 மில்லிகிராம் அளவிலும் தரும் அக்வேரியம் கடல் உப்புக் கலவைதான் வாங்க வேண்டும்.

லிட்டருக்கு ஏறக்குறைய 37 கிராம் என்றால் 150 லிட்டருக்கு ஐந்தரைக் கிலோ. தண்ணீர் முதலில், உப்பு பிறகு. உப்பைக் கொட்டி அதன்மேல் தண்ணீர் ஊற்றினால் அடியில் செறிவு மிகுந்து, கால்சியம் சுண்ணாம்பாகப் பிரிந்து பால் போல் வெளுக்கும். அது திரும்பக் கரையாது. டிரம்மில் சிறிய மோட்டாரை ஓடவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தூவி, 24 மணி நேரம் சுற்றவிட்டு அளக்க வேண்டும். உப்பின் அளவைப் பார்க்க ரிஃப்ராக்டோமீட்டர் என்ற கருவியை வாங்குங்கள். முள் ஆடும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டரில் ஒரு காற்றுக் குமிழி ஒட்டினாலும் அளவு பொய்யாகும். ரிஃப்ராக்டோமீட்டரைச் சுத்த நீரில் 0 வைத்தால் மட்டும் போதாது, 35 என்று குறித்த அளவுக் கரைசலிலும் சரிபாருங்கள். நமக்கு வேண்டியது ஆயிரத்துக்கு 35. அடர்த்தி எண்ணில் 1.026.

பாறை 12 முதல் 15 கிலோ, மணல் ஓர் அங்குல உயரத்துக்கு 15 கிலோ. மணல் ஆரகோனைட் என்ற சுண்ணாம்பு வகை, ஆற்று மணல் இல்லை. பாறை நுண்துளை உள்ளதாக இருக்க வேண்டும், பாக்டீரியா வாழும் வீடே அந்தத் துளைகள்தான். கிருஷ்ணகிரிக் கருங்கல் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதில் துளை கிடையாது. கடைகளில் கிடைக்கும் உலர்ந்த செயற்கைப் பாறை போதும். இங்கே ஓர் எச்சரிக்கை: ராமேசுவரம் போய் வரும்போது கரையில் கிடந்த பவளக் கல்லை எடுத்து வராதீர்கள், யாராவது விற்றாலும் வாங்காதீர்கள். கடினப் பவளங்கள், கடல் விசிறி, கடல் குதிரை எல்லாம் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை. செத்த பவளமும் குற்றம்தான். மன்னார் வளைகுடா ஏற்கெனவே இழந்தது போதும்.

கருவிகளில் கழிவை நுரையாக்கிப் பிரிக்கும் புரோட்டீன் ஸ்கிம்மர், நீரோட்டம் உண்டாக்க மணிக்கு 3000 லிட்டர் தள்ளும் வேவ்மேக்கர், வெப்பமானி, அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட் சோதனைக் கிட் ஆகியவை அவசியம். மீன் மட்டும் வளர்ப்பதென்றால் சாதாரண எல்.இ.டி. விளக்கு போதும். விலையுயர்ந்த விளக்குக்கு வைத்த பணத்தை ஸ்கிம்மருக்குத் திருப்புங்கள். ஒயர்கள் பிளக்குக்குக் கீழே தொங்கி மேலேறும்படி விடுங்கள், வழியும் தண்ணீர் பிளக்குக்குப் போகாது. உப்புத் தண்ணீரில் கையை விடும் இடம் இது; மின்கசிவு வந்தால் கரன்ட்டைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இல்லாத லைனில் எதையும் மாட்டவே கூடாது.

எல்லாம் ஓடத் தொடங்கியதும் பாக்டீரியாவுக்குத் தீனி வைக்க வேண்டும். சுத்தமான அம்மோனியம் குளோரைடு 1 கிராம் போட்டால் 150 லிட்டரில் அம்மோனியா சுமார் 2 பி.பி.எம்., அதாவது லிட்டருக்கு 2 மில்லிகிராம் வரும். ஈயம் பூசுபவர்கள் வைத்திருக்கும் நவச்சாரமும் இதே பொருள்தான், ஆனால் கலப்படமும் உலோகத் துகளும் இருக்கும். ஆய்வகத் தரத்தில்தான் வாங்க வேண்டும். பாட்டிலில் வரும் பாக்டீரியாவைச் சேர்த்தால் நாட்கள் குறையலாம். இரண்டு நாளுக்கு ஒருமுறை சோதித்தால் அம்மோனியா இறங்கி, நைட்ரைட் ஏறி, அதுவும் இறங்கி நைட்ரேட் ஏறுவது தெரியும். மறுபடி 1 கிராம் போட்டு 24 மணி நேரத்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் இரண்டும் 0 காட்டினால் தொட்டி தயார். பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு மீன் வாங்கப் போகலாம். மூன்றாவது வாரம் மணல் பழுப்பாகும். அதைப் பார்த்துப் பயந்து தொட்டியைக் கழுவிக் கொட்டினால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். விட்டுவிடுங்கள், சில வாரத்தில் அடங்கும்.

மீன் சென்னை கொளத்தூரிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ வரும். கோமாளி மீன் ஜோடி ஒன்றில் தொடங்குங்கள். பண்ணையில் பொரித்து வளர்ந்ததா என்று கேட்டு வாங்குங்கள்; மண்டபம் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும் பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையமும் கோமாளி மீனைச் செயற்கையாக இனப்பெருக்கம் செய்துகாட்டி நீண்ட நாளாகிறது. கோமாளி மீன் வாழக் கடல் சாமந்தி (சீ அனிமோன்) தேவையில்லை, புதிய தொட்டியில் சாமந்திதான் முதலில் சாகும். விலை மலிவென்று டாம்செல் மீன் வாங்கினால் அடுத்து வரும் மீனையெல்லாம் கடித்து விரட்டும். புளூ டாங் மீனுக்கு ஆறடித் தொட்டி வேண்டும். மாண்டரின் மீன் பாறையில் ஊரும் மிகச் சிறிய உயிரினங்களைப் பொறுக்கித் தின்பது, நம் தொட்டியில் பட்டினி கிடந்தே சாகும். இந்த இரண்டையும் புதிதாகத் தொடங்குபவருக்கு விற்பது பாவம் என்றே சொல்வோம்.

இரவுப் பேருந்தில் பல மணி நேரம் பையில் வந்த மீனுக்கு, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுப் பழக்கும் முறை ஆபத்து. பைக்குள் சேர்ந்த கார்பன் டை ஆக்சைடு பி.எச்.சை இறக்கி, அம்மோனியாவைத் தீங்கில்லாமல் வைத்திருக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறி, பி.எச். ஏறி, அதே அம்மோனியா நஞ்சாகும். ஆகவே திறக்காமல் அரை மணி நேரம் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமப்படுத்தி, திறந்தவுடன் மீனை மட்டும் மாற்றுங்கள். பைத் தண்ணீர் தொட்டிக்குள் போகக் கூடாது. உப்பு அளவை முன்கூட்டியே கடையில் கேட்டுவிடுங்கள். பலர் 1.020 அளவில் வைத்திருப்பார்கள். புது மீனை முதலில் தனியே வைத்துக் கவனிக்கும் தனிமைத் தொட்டியை அதே அளவில் தயார் செய்து, நாளுக்கு 0.001 வீதம் ஏற்றலாம்.

தனிமைத் தொட்டி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. 40 லிட்டர் தொட்டி, ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒளிந்துகொள்ள இரண்டு பி.வி.சி. குழாய்த் துண்டு. அதில் நான்கு வாரம். கடல் மீனின் வெள்ளைப் புள்ளி நோய் நன்னீர் நோய் அல்ல. உப்புப் போட்டால் சரியாகாது. அதற்கான செம்பு மருந்தைப் பெரிய தொட்டியில் ஊற்றினால் பாறையும் மணலும் உறிஞ்சிவைக்கும், இனி அங்கே இறால் வாழாது. நோய் பெரிய தொட்டிக்குள் புகுந்துவிட்டால் மீன்களை எல்லாம் எடுத்துத் தனியே மருத்துவம் பார்த்து, தொட்டியை 76 நாள் மீனில்லாமல் விடுவதுதான் பொதுவான நடைமுறை. நான்கு வாரப் பொறுமை எவ்வளவு மலிவு பாருங்கள்.

கோடை வந்தால் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டும்; நமக்கு வேண்டியது 25, 26. நல்லவேளையாக நம் காற்றில் ஈரம் குறைவு. நீர்ப்பரப்பின் மேல் சாய்வாக ஒரு சிறிய ஃபேன் வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். சென்னையின் புழுக்கத்தில் அது இவ்வளவு வேலை செய்யாது. விலையாக நாளுக்கு 3 லிட்டர்வரை ஆவியாகும். போவது தண்ணீர் மட்டும், உப்பு அங்கேயே நிற்கும். ஒரு வாரம் கவனிக்காமல் விட்டால் 35 என்பது 40ஐத் தாண்டிவிடும். கண்ணாடியில் ஒரு கோடு போட்டு, தினமும் அந்தக் கோடுவரை உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீரை ஊற்றுங்கள். ஓசூர்ப் பக்கம் மார்கழி, தை இரவுகளுக்கு 150 வாட் ஹீட்டர் வேண்டும். கரன்ட் போனால் இன்வெர்ட்டரில் வேவ்மேக்கர் மட்டும் ஓடினால் போதும், ஹீட்டரை அதில் மாட்டாதீர்கள். தொட்டி இருக்கும் அறையில் கொசுவர்த்தி, கரப்பான் ஸ்பிரே இரண்டும் கூடவே கூடாது. அவற்றிலுள்ள பைரித்ராய்டு என்ற பூச்சிக்கொல்லி மீனையும் இறாலையும் கொல்லக்கூடும்.

வாரம் 15 லிட்டர் மாற்ற வேண்டும். நன்னீர்த் தொட்டிக் கழிவை ரோஜாவுக்கும் மாங்கன்றுக்கும் ஊற்றிப் பழகியிருப்பீர்கள். அது நல்ல உரம். இந்தப் பதினைந்து லிட்டரில் அரைக் கிலோவுக்கு மேல் உப்பு இருக்கிறது. செடிப் பக்கம் கொண்டுபோகாமல் சாக்கடைக்குழாயில் ஊற்றிவிடுங்கள்.