செல்வராட்சியா, பணநாயகமா?

பணக்காரர் கையில் அதிகாரம் இருக்கும் ஆட்சியை ஆங்கிலத்தில் புளூட்டோகிரசி என்பார்கள். தமிழில் அதற்குச் செல்வராட்சி என்பதா, பணநாயகம் என்பதா? புளூட்டோகிரசி என்ற சொல்லுக்குக் கிரேக்கம்தான் தாய்வீடு. 'புளூட்டோஸ்' என்றால் செல்வம், 'கிராட்டோஸ்' என்றால் அதிகாரம். புளூட்டோஸ் ஒரு தெய்வமும்கூட. நல்லவர்களாகப் பார்த்துச் செல்வத்தைக் கொடுத்துவிடக் கூடாதென்று, தெய்வங்களின் அரசனான சேயுஸ் அதன் கண்ணைப் பறித்துவிட்டதாக அரிஸ்டோபனீஸின் நாடகம் (கி.மு. 388) சொல்லும். பாதாளத் தெய்வம் புளூட்டோவின் பெயருக்கும் இதே வேர்தான்.

புளூட்டோகிரசி பிறக்கும்போதே வசைச்சொல்லாகப் பிறக்கவில்லை. சொத்து மதிப்பைப் பார்த்துப் பதவி தரும் ஆட்சியை சாக்ரடீஸ் இப்படி அழைத்ததாக அவருடைய மாணவர் செனபோன் எழுதியிருக்கிறார். ஏதென்சில் சட்டம் வகுத்த சோலோன் கி.மு. 594 வாக்கில் வகுத்த முறை அந்த ரகம். வயலில் ஆண்டுக்கு 500 அளவை விளைச்சல் கண்டவர் முதல் வகுப்பு. கூலிக்காரர் கடைசி வகுப்பு. சபைக்கு வரலாம், பதவிக்கு வர முடியாது.

ஊர் வாரியங்களுக்கு, அதாவது நிர்வாகக் குழுக்களுக்கு, ஆள் தேர்ந்த முறை என்று நாம் மேடைதோறும் பெருமை பேசும் உத்திரமேரூர்க் குடவோலையையும் இங்கே சேர்க்க வேண்டும். பராந்தக சோழன் காலக் கல்வெட்டின்படி, ஓலையில் பெயர் எழுதப்படவே கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேல் வரி கட்டும் நிலமும், சொந்த மனையில் வீடும் வேண்டும். வேதம் கற்றவருக்கு அரைக்கால் வேலி போதும். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரையும் அவர் உறவினரையும் அதே கல்வெட்டு ஒதுக்கிவைத்தது என்பதையும் சொல்லிவிடுவது நியாயம். 1920-இல் சென்னை மாகாணத் தேர்தல் நடந்தபோதும் வாக்குரிமை பெரும்பாலும் வரி கட்டுவோருக்குத்தான்.

இவற்றுக்கெல்லாம் தமிழில் 'செல்வராட்சி' பொருந்தும். 'சிலராட்சி' என்று எழுதினால் அது ஒரு சிலர் மட்டும் ஆளும் ஆலிகார்க்கிக்குப் போய்விடும். அங்கேயும் ஆள்வோர் சிலர் என்பது தற்செயல், செல்வம்தான் அடையாளம் என்று வாதிட்டவர் அரிஸ்டாட்டில்.

'பணநாயகம்' வேறு சரக்கு. ஜனநாயகத்தில் முதல் சொல்லை மட்டும் மாற்றிய கிண்டல் இது. ஆனால் செல்வராட்சி சொல்லாத ஒன்றை இது சொல்கிறது. செல்வராட்சியில் ஏழைக்கு வாசல் அடைபட்டிருப்பது சட்டத்திலேயே தெரியும். பணநாயகத்தில் எல்லோருக்கும் ஓட்டு உண்டு, விரலில் மையும் உண்டு. முடிவைப் பணம் எடுக்கும். 2017 ஏப்ரலில் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலும், 2019-இல் வேலூர் மக்களவைத் தேர்தலும் ரத்தானது வாக்காளருக்குப் பணப் பட்டுவாடா நடந்ததாக எழுந்த புகாரால்தான்.

பட்டுவாடா கண்ணுக்குத் தெரிகிற பகுதி. ஓட்டுக்குக் காசு வாங்கியவரைத் திட்டுவது நமக்குச் சுலபமாக வருகிறது. மேலே புழங்குகிற பணத்தைப் பேசுவது வருவதில்லை. பெரிய மாநிலங்களில் மக்களவை வேட்பாளர் 95 லட்சம் ரூபாய்க்கு மேல் செலவழிக்கக் கூடாது. கட்சிக்கோ உச்சவரம்பே கிடையாது. கம்பெனிகள் தம் மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 7.5 சதவீதம்வரைதான் கட்சிகளுக்கு நன்கொடை தரலாம் என்றிருந்த வரம்பை 2017-இல் எடுத்தார்கள். அதோடு, வங்கியில் வாங்கிக் கட்சிக்குக் கொடுக்கும், கொடுத்தவர் பெயர் வாக்காளருக்குத் தெரியாத தேர்தல் பத்திரங்கள் வந்தன. இரண்டும் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரி 15-இல் தீர்ப்பளித்தது. அமெரிக்காவில் நடந்தது நேர்மாறு: 2010-இல் சிட்டிசன்ஸ் யுனைடெட் வழக்கில், கம்பெனிகள் தேர்தலுக்காகத் தனியே செலவிடுவதைத் தடுக்க முடியாது என்று 5-4 என்ற கணக்கில் தீர்ப்பானது.

ஆகவே பாடநூலிலும் அகராதியிலும் செல்வராட்சி இருக்கட்டும். சிட்டிசன்ஸ் யுனைடெட்டைப் பற்றி எழுதும்போது பணநாயகம் என்றே எழுதலாம், மேற்கோள்குறி தேவையில்லை.