காலண்டருக்கு மணி சொல்வது யார்?

புதிய இயங்குதளம் ஏறிவிட்டது. கோப்புகள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன, இணையமும் வருகிறது. காலண்டரைத் திறந்தால் மட்டும், நேற்று வரை 14:30 என்று இருந்த கூட்டம் இன்று 2:30 பிஎம் என்று நிற்கிறது. சரி, அமைப்புகளில் மாற்றிவிடலாம் என்று உள்ளே போனால், அங்கே மாற்றுவதற்கு ஒன்றுமே இல்லை.

லினக்ஸ் கணினியில் தண்டர்பேர்ட் என்ற மின்னஞ்சல் மென்பொருளோடு வரும் காலண்டரைப் பயன்படுத்துகிறவர்களுக்கு இது பழக்கப்பட்ட எரிச்சல். வாரம் எந்தக் கிழமையில் தொடங்க வேண்டும், வேலை நேரம் எது முதல் எது வரை, நினைவூட்டல் எத்தனை நிமிடம் முன்னால் ஒலிக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் கேட்கும் அமைப்புப் பக்கம், 24 மணி நேரமா 12 மணி நேரமா என்று மட்டும் கேட்பதில்லை. வேலை நேரத்தைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலிலேயே 8:00 ஏஎம், 9:00 ஏஎம் என்று வரிசையாக எழுதிவைத்திருக்கும். இது தன்னுடைய முடிவு இல்லை, இயங்குதளத்தின் முடிவு என்பது காலண்டரின் நிலைப்பாடு. கொள்கையாகப் பார்த்தால் சரிதான். ஆனால் கூகுள் காலண்டர் தன் அமைப்புகளிலேயே 1:00பிஎம், 13:00 என்று இரண்டையும் காட்டி எது வேண்டும் என்று கேட்டுவிடுகிறது. அதனால் யாருக்கும் ஒரு கெடுதலும் வந்ததாகத் தெரியவில்லை.

முதலில் ஒரு பயத்தைத் தீர்த்துவிடலாம். உங்கள் நிகழ்ச்சிகளுக்கு எதுவும் ஆகவில்லை. காலண்டர்கள் ஒன்றோடு ஒன்று பேசிக்கொள்ள ஐகேலண்டர் என்ற பொது வடிவம் இருக்கிறது. 1998-இல் முதலில் வகுக்கப்பட்டு, 2009-இல் திருத்தி எழுதப்பட்டது. அந்தக் கோப்பு ஒன்றைச் சாதாரண எழுத்துத் தொகுப்பானில் திறந்து பார்த்தால், தொடக்க நேரத்துக்கான வரியில் முதலில் ஏசியா/கொல்கத்தா என்று நேர மண்டலத்தின் பெயர் இருக்கும். அதன் பிறகு 20240615 என்று எட்டு இலக்கத்தில் தேதி, நடுவே ஆங்கில எழுத்து ‘டி’, அப்புறம் 143000 என்று மணி, நிமிடம், நொடி. ஏஎம், பிஎம் எழுத அந்த வடிவத்தில் இடமே கிடையாது. ஆக, உலகத்தில் உள்ள எல்லா காலண்டரும் உள்ளுக்குள் 24 மணி நேரக் காலண்டர்தான். நீங்கள் அனுப்பும் அழைப்பு மறுமுனையில் எப்படித் தெரியும் என்பது அதைப் பெறுகிறவருடைய கணினியைப் பொறுத்தது, உங்களுடையதைப் பொறுத்தது இல்லை.

143000 என்ற எண் 2:30 பிஎம் ஆக மாறுவது திரையில் எழுதும் அந்தக் கடைசி நொடியில். அப்போது மென்பொருள் கையில், நேரத்தை எப்படி எழுத வேண்டும் என்று எழுத்துகளால் சொல்லும் ஒரு வார்ப்புரு இருக்கும். ஆங்கிலச் சின்ன ‘எச்’ இருந்தால் மணியை 1 முதல் 12 வரை எழுது என்று பொருள். பெரிய ‘எச்’ என்றால் 0 முதல் 23 வரை. இந்த இரண்டோடு முடியவில்லை. 0 முதல் 11 வரை எண்ணப் பெரிய ‘கே’, 1 முதல் 24 வரை எண்ணச் சின்ன ‘கே’ என்று இன்னும் இரண்டு எழுத்துகள் உண்டு. யாருக்கு இவை என்று தோன்றலாம். ஜப்பானில் நண்பகலைப் பிற்பகல் 0 மணி என்று எழுதும் வழக்கம் இருக்கிறது. யோசித்துப் பார்த்தால் நம்முடைய 12 பிஎம்-ஐ விட அது ஒழுங்கானது. 11 ஏஎம்-க்கு அடுத்த மணி 12 பிஎம், அதற்கு அடுத்தது 1 பிஎம் என்று எண்ணும் முறையில் குழப்பம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். நள்ளிரவு தாண்டிப் புறப்படும் ரயிலுக்கு 12:15 ஏஎம் என்று குறித்துவைத்தால் அது இன்றைய இரவா நேற்றைய இரவா என்று ஒரு நிமிடம் நின்று யோசிக்க வேண்டும். 00:15 என்று பார்த்தால் நாளின் தொடக்கம் என்பதாவது கண்ணில் படும்.

சரி, எந்த வார்ப்புரு என்று யார் தீர்மானிக்கிறார்கள்? லொகேல் என்ற ஒரு பெயர். மொழி ஒன்று, நாடு ஒன்று, இரண்டையும் சேர்த்து எழுதிய சின்னக் குறியீடு அது. ஆங்கிலம்-அமெரிக்கா, ஆங்கிலம்-இந்தியா, ஜெர்மன்-ஆஸ்திரியா என்று நூற்றுக்கணக்கில் உண்டு. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அந்த ஊரில் தேதி எப்படி எழுதுவார்கள், மணி எப்படி எழுதுவார்கள், ஆயிரத்துக்குக் காற்புள்ளி எங்கே வைப்பார்கள் என்ற விவரங்கள் இருக்கும். யூனிகோட் கூட்டமைப்பு பராமரிக்கும் சிஎல்டிஆர் என்ற தரவுத்தொகுப்பு இதில் பெரியது. உலாவிகள், கைப்பேசிகள், தண்டர்பேர்ட் எல்லாம் இதைத்தான் புரட்டுகின்றன.

தமிழையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்தத் தொகுப்பில் தமிழ்-இந்தியா என்ற பெயருக்கு 12 மணி நேரம். தமிழ்-சிங்கப்பூருக்கும் தமிழ்-மலேசியாவுக்கும் அதேதான். தமிழ்-இலங்கைக்கு மட்டும் 24 மணி நேரம். மொழி மாறவில்லை, நாட்டின் பெயர் மாறியதும் மணி மாறிவிடுகிறது. ஆங்கிலத்திலும் இதே கதை. அமெரிக்கா, இந்தியா இரண்டும் 12. பிரிட்டன் 24. இயங்குதளத்தை நிறுவும்போது முதல் திரையில் வரும் ஆங்கிலம்-அமெரிக்கா என்பதை அப்படியே ஏற்றுக்கொண்டு ‘அடுத்து’ பொத்தானை அழுத்துகிறோமே, அந்த ஒரு சொடுக்கில் நம் மணியும் முடிவாகிவிடுகிறது.

லினக்ஸில் இந்தப் பெயர் சூழல் மாறிகளில், அதாவது மென்பொருள்கள் எல்லாம் படித்துக்கொள்ளும் பெயரிட்ட மதிப்புகளில், உட்கார்ந்திருக்கும். லேங் என்ற மாறி பொதுவானது. நேரத்துக்கு மட்டும் வேறு நாடு வேண்டும் என்றால் எல்சி_டைம் என்ற மாறியில் அதைச் சொல்லலாம். அது இருந்தால் லேங்கின் பேச்சு செல்லாது. எல்சி_ஆல் என்று இன்னொன்று உண்டு. அதற்கு மதிப்பு கொடுத்துவிட்டால் மற்ற இரண்டின் பேச்சும் செல்லாது. எல்சி_டைமைச் சரியாகத்தானே எழுதினேன், ஏன் கேட்கவில்லை என்று திணறுகிறவர்கள், எங்கேயாவது எல்சி_ஆல் ஒளிந்திருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது.

இங்கேதான் டென்மார்க் வருகிறது. ஆங்கில இடைமுகமும் வேண்டும், 24 மணி நேரமும் வேண்டும், தேதி 2024-06-15 என்ற ஒழுங்கிலும் வேண்டும் என்று கேட்ட லினக்ஸ்காரர்களுக்குப் பல காலமாகக் கிடைத்த பதில், எல்சி_டைமுக்கு ஆங்கிலம்-டென்மார்க் என்று கொடு என்பதுதான். டென்மார்க்கில் ஆங்கிலம் ஆட்சி மொழி இல்லை. ஆனால் லினக்ஸின் அடிப்படை நூலகமான கிளிப்சியில் அந்தப் பெயரில் ஒரு லொகேல் இருந்தது. அதில் தேதியும் நேரமும் சர்வதேசத் தர வடிவில் இருந்தன. கோபன்ஹேகன் பக்கமே போகாதவர்கள் எல்லாம் மணிக்கு மட்டும் டேனிஷ்காரர்கள் ஆனார்கள்.

இந்தத் தந்திரத்தில் ஒரு ஓட்டை விழுந்தது. 2018-ஐ ஒட்டிய பதிப்புகளில் தண்டர்பேர்ட், கிளிப்சியின் வார்ப்புருவைப் படிப்பதை விட்டுவிட்டு, அங்கிருந்து லொகேலின் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு சிஎல்டிஆரைப் புரட்டத் தொடங்கியது. பெயர் அதேதான், ஆனால் இரண்டு தொகுப்பிலும் அதற்கு எதிரே எழுதியிருப்பது வேறு. டேனிஷ்காரர்கள் உண்மையில் எப்படி எழுதுவார்களோ அப்படி சிஎல்டிஆரில் இருக்கிறது. தேதி 15/06/2024. மணிக்கும் நிமிடத்துக்கும் நடுவே முக்காற்புள்ளிக்குப் பதில் முற்றுப்புள்ளி, அதாவது 14.30. சிலர் அதைப் பார்த்துத் தசம எண் என்றே நினைத்திருப்பார்கள். பழைய ஒழுங்கு அப்படியே வேண்டும் என்றவர்கள் அப்புறம் ஆங்கிலம்-ஸ்வீடனுக்குக் குடிபெயர்ந்தார்கள். அங்கே 2024-06-15, 14:30 இரண்டுமே கிடைக்கின்றன.

இன்னொரு விதியும் தண்டர்பேர்டில் உண்டு. மென்பொருளின் மொழியும் இயங்குதளம் சொல்லும் வட்டார லொகேலின் மொழியும் ஒன்றாக இருந்தால்தான் வட்டாரத்தின் பேச்சைக் கேட்கும். மெனுக்கள் ஆங்கிலத்தில், எல்சி_டைம் ஜெர்மனில் என்றால், ஆங்கில வாக்கியத்துக்கு நடுவே ஜெர்மன் கிழமைப் பெயர் வந்து நிற்குமே என்று அதைத் தள்ளிவிட்டு, தன் சொந்த மொழியின் வழக்கத்துக்கே போய்விடும். பெரும்பாலும் அது அமெரிக்க ஆங்கிலம், அதாவது 12 மணி நேரம். டென்மார்க்கும் ஸ்வீடனும் வேலை செய்ததற்குக் காரணம், இரண்டும் ஆங்கிலம் என்றே தொடங்குவது. தமிழ்-இலங்கை என்று கொடுத்துப் பார்த்தவருக்கு ஆங்கில மெனு இருக்கும்வரை ஒன்றும் மாறியிருக்காது. இந்த விதியை மீற ஒரு வழி உண்டு. பொது அமைப்புகளில் தேதி, நேர வடிவம் என்ற தலைப்பின் கீழ் இரண்டு வட்டங்கள் இருக்கும். ஒன்று மென்பொருளின் லொகேல், மற்றது வட்டார அமைப்பின் லொகேல். இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தால் மொழிப் பொருத்தம் பார்க்காது. அந்த வட்டங்களுக்குப் பக்கத்திலேயே இப்போது எந்த நாட்டின் பெயர் எட்டியிருக்கிறது என்றும் எழுதியிருக்கும். நோயைக் கண்டுபிடிக்க இதைவிட வேகமான இடம் இல்லை.

மேம்படுத்தும்போது இந்தச் சங்கிலியில் எது அறுகிறது? பல இடங்களில் அறுகலாம். டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸ் வகைகளில் லொகேல்கள் எல்லாம் தயாராக இருப்பதில்லை, கேட்டவற்றை மட்டும்தான் உருவாக்கி வைத்திருக்கும். புதிதாக நிறுவியபின் எல்சி_டைமில் ஆங்கிலம்-டென்மார்க் என்ற பெயர் இருக்கும், அதற்குரிய கோப்பு இருக்காது. கட்டளைகளைத் தட்டச்சிடும் சாளரமான டெர்மினலில், எல்சி_டைமை அமைக்க முடியவில்லை, அப்படி ஒரு கோப்போ கோப்புறையோ இல்லை என்று ஒரு வரி வந்தால் இதுதான் விஷயம். வரைகலை மென்பொருள்கள் அந்த முணுமுணுப்பைக்கூடக் காட்டாமல் அமெரிக்க வழக்கத்தில் போய் விழுந்துவிடும்.

அடுத்தது, மாறியை எங்கே எழுதியிருந்தோம் என்பது. டெர்மினலில் கட்டளைகளை வாங்கி நடத்தும் பாஷ் ஷெல்லின் தொடக்கக் கோப்பில் எழுதியிருந்தால் அது டெர்மினலுக்கு மட்டுமே போய்ச் சேரும். டெர்மினலில் பெயரைத் தட்டித் திறந்தால் 14:30, ஐகானைச் சொடுக்கித் திறந்தால் 2:30 பிஎம் என்று ஒரே மென்பொருள் இரண்டு விதமாக நடந்துகொண்டால் காரணம் இதுதான், வேறெங்கும் தேட வேண்டாம். சிலர் ஐகானின் துவக்கிக் கோப்பையே திருத்தி, கட்டளைக்கு முன்னால் எல்சி_டைமைச் செருகி வைத்திருப்பார்கள். உபுண்டு 24.04-இல் தண்டர்பேர்டை நிறுவும் வடிவம் பழைய டெப் பொதியிலிருந்து ஸ்னாப் என்ற புதுவகைப் பொதிக்கு மாறியது. அதோடு புதிய துவக்கி வந்து உட்கார, கையால் திருத்திய பழையது கண்ணில் படாமல் போய்விடும். திரையின் மேலே ஓடும் கடிகாரத்துக்குத் தனி சுவிட்ச் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். மற்ற மென்பொருள்கள் அதை மதிப்பதும் மதிக்காததும் அவற்றின் விருப்பம். எனவே மேலே 14:30 ஓடுவதை வைத்துக் கணினி முழுவதும் சரியாக இருக்கிறது என்று நம்பக் கூடாது.

நாம் எதையும் தொடாதபோதும் சிஎல்டிஆரே மாறலாம். 2022 அக்டோபரில் வந்த அதன் 42-ஆம் பதிப்பில், அமெரிக்க ஆங்கிலத்தில் 2:30-க்கும் பிஎம்-க்கும் நடுவே இருந்த சாதாரண இடைவெளியை எடுத்துவிட்டு, வரி முறியாத குறுகிய இடைவெளி ஒன்றை வைத்தார்கள். அச்சுக்கலைப்படி அது அழகுதான். கண்ணுக்கு வித்தியாசமும் தெரியாது. ஆனால் நேரத்தை எழுத்தாக வாங்கி இடைவெளியில் வெட்டிப் பிரிக்கும் நிரல்கள் உலகெங்கும் இருந்தன. அவை சாதாரண இடைவெளியைத் தேடின, அது இல்லை. 2023 தொடக்கத்தில் குரோமின் 110-ஆம் பதிப்பு அந்தத் தரவோடு வந்தபோது பல தளங்களில் நேரம் கையாளும் பகுதி உடைந்தது. கடைசியில் குரோம், பயர்பாக்ஸ் இரண்டும் அந்த எழுத்தைப் பழைய இடைவெளியாக மாற்றித்தரும் ஒட்டு ஒன்றைச் சேர்த்தன. 24 மணி நேர வடிவத்தில் வெட்டிப் பிரிக்க பிஎம்மே இல்லாததால் அந்தப் பயனர்கள் இதில் தப்பித்துக்கொண்டார்கள்.

விண்டோஸிலும் மேக்கிலும் கதை இவ்வளவு நீளம் இல்லை. விண்டோஸில் மொழி, வட்டாரம் என்ற பகுதியில் வட்டார வடிவங்களை மாற்றும் இடத்துக்குப் போய், நொடி இல்லாத குறு நேரம் என்பதைப் பெரிய ‘எச்’ இரண்டு உள்ள வடிவத்துக்கு மாற்றினால் போதும். நொடியோடு வரும் நெடு நேரத்தை மட்டும் மாற்றிவிட்டு ஒன்றும் நடக்கவில்லையே என்று பார்த்துக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர். மேக்கில் தேதி, நேரம் பகுதியில் 24 மணி நேரம் என்று நேரடியாகவே ஒரு சுவிட்ச் இருக்கிறது.

தண்டர்பேர்டுக்குத் திரும்பினால், முதலில் அந்த இரண்டு வட்டங்கள். அங்கே தெரியும் நாடு தவறு என்றால் டெஸ்க்டாப்பின் வட்டார அமைப்பில் வடிவங்களைப் பிரிட்டனுக்கோ வேறு 24 மணி நாட்டுக்கோ மாற்றி, வெளியேறி மறுபடி உள்ளே வர வேண்டும். சூழல் மாறிகள் உள்நுழையும்போதுதான் வாசிக்கப்படும் என்பதால் மென்பொருளை மட்டும் மூடித் திறந்தால் போதாது. எந்த நாட்டின் வழக்கமும் பிடிக்கவில்லை என்றால், அண்மைப் பதிப்புகளில், பொது அமைப்புகளின் கடைசியில் உள்ள உள்ளமைவுத் திருத்தியில் குறு நேரத்துக்கான வார்ப்புருவை நாமே எழுதிக்கொடுக்கலாம். பெரிய ‘எச்’ இரண்டு, முக்காற்புள்ளி, சின்ன ‘எம்’ இரண்டு. அந்த ‘எம்’ கட்டாயம் சின்னதாக இருக்க வேண்டும். பெரிய ‘எம்’ மாதத்துக்கு உரியது. தவறிப்போய் அதை எழுதிவிட்டால், ஜூன் மாதம் முழுக்க இரண்டு மணி, இரண்டேகால், இரண்டரை எல்லாமே 14:06 என்றே தெரியும்.