முதல் வரிதானே மிஸ் எப்பவும்?

வாசிப்புல தடுமாற பிள்ளைங்களோட வேலை செய்யறவ நான். கம்ப்ரிஹென்ஷன்ல மார்க் போகுதுன்னு கூட்டிட்டு வர்ற அப்பா அம்மா கூடவே ஒண்ணு சொல்வாங்க, "நல்லாத்தான் வாசிக்கிறா மேடம், கேட்டா எல்லாத்தையும் அப்படியே சொல்லிடுவா"ன்னு. அந்த 'எல்லாத்தையும்'லதான் எனக்கு சந்தேகமே ஆரம்பிக்கும்.

அப்படி வந்த ஒரு ஆறாம் கிளாஸ் பொண்ணுகிட்டயும் கூட இருந்த பையன்கிட்டயும் இந்த பாராவ குடுத்தேன்.

"ஆக்டோபஸுக்கு எலும்பே கிடையாது. அதோட ரத்தம் நீல நிறம். இதயம் மூணு. நரம்பு செல்கள்ல ஏறக்குறைய மூணுல ரெண்டு பங்கு கைகள்லதான் இருக்கு. மொத்தத்துல அதோட உடம்பமைப்பு நம்மளோடதுல இருந்து ரொம்பவே வேற மாதிரி."

மையக்கருத்து எந்த வரின்னு கேட்டா, பொண்ணு முதல் வரிக்கு அடிக்கோடு போட்டா, ஏன்னு கேட்டதுக்கு "முதல் வரிதானே மிஸ் எப்பவும்?"னு என்னையே திருப்பிக் கேக்குறா. பையன் மூணு இதயத்துக்குப் போட்டான், ஏன்னா "இதுதான் செமயா இருக்கு".

பையன் பண்ணது வயசுக்கே உள்ளது. பொண்ணு பண்ணது நாம சொல்லிக் குடுத்த தப்பு. பாராவோட முதல் வாக்கியமே விஷயத்தை சொல்லிடணும்னு அலெக்சாண்டர் பெயின்னு ஒரு ஸ்காட்லாந்து தத்துவவாதி 1866லயே எழுதி வச்சிட்டாரு, பாடப்புத்தகமெல்லாம் அதையே பிடிச்சுக்கிச்சு. 1974ல ரிச்சர்ட் பிராடாக்னு ஒருத்தர் அமெரிக்க பத்திரிகைகள்ல வந்த கட்டுரைகள எடுத்து எண்ணிப் பாத்தாரு, அந்த மாதிரி ஆரம்பிச்ச பாரா சுமார் 13 சதவீதம்தான். ஆனாலும் நம்ம கை முதல் வரிக்குத்தான் போகுது.

நான் பண்றது இதுதான், ஒவ்வொரு வரிகிட்டயும் "எப்படி சொல்ற?"னு கேக்க வைப்பேன். "எலும்பே கிடையாது", எப்படி சொல்ற? பாராவுல வேற எந்த வரியும் வாயத் திறக்காது. "ரொம்பவே வேற மாதிரி", எப்படி சொல்ற? உடனே மத்த நாலு வரியும் நான் நீன்னு சாட்சி சொல்ல ஓடி வரும். சாட்சி சொல்றதெல்லாம் டீடெய்ல், யாருக்காக சொல்லுதோ அதுதான் டாபிக் சென்டன்ஸ். நம்பர் இருந்தா டீடெய்ல், 'பல', 'பெரும்பாலும்' இருந்தா பொதுன்னு சில பேர் ஷார்ட்கட் சொல்லிக் குடுப்பாங்க, எனக்கு அதுல நம்பிக்கை இல்ல. ஏன்னு அடுத்த பாராவே காட்டிடும்.

"ஆக்டோபஸுக்கு மூணு இதயம், மூணுக்கும் ஒரே வேலை இல்ல. ரெண்டு இதயம் செவுளுக்கு ரத்தம் அனுப்பும். மூணாவது மத்த உடம்புக்கெல்லாம் அனுப்பும். நீந்தும்போது அந்த மூணாவது நின்னுடும்."

இங்க மத்த மூணு வரியும் முதல் வரிக்குத்தான் சாட்சி சொல்லுது, நம்பர் இருந்தும் அதுதான் டாபிக் சென்டன்ஸ். பொண்ணு ரொம்ப நேரம் பாத்துட்டு, கிட்டத்தட்ட கோவமாவே கேட்டா, "மூணு இதயம் டீடெய்ல்னு இப்பதானே மிஸ் சொன்னீங்க?" இந்தக் கோவத்துக்காகத்தான் நான் காத்துக்கிட்டு இருப்பேன். உங்க அம்மா உனக்கு அம்மா, பாட்டி முன்னாடி அதே ஆளு மகள்தானேன்னேன். வாக்கியத்தோட நெத்தியில பொதுன்னு ஒண்ணும் எழுதி ஒட்டலை, பக்கத்துல யார் நிக்கிறாங்கன்னு பாத்துதான் சொல்ல முடியும்.

இது புரிஞ்சதும் சில பிள்ளைங்க ரொம்பவே பொதுவா சொல்ற பக்கம் சாஞ்சிடும், "கடல்ல நிறைய அதிசயம் இருக்கு"ன்னு எழுதும். அப்போ "இந்த பாராவுல திமிங்கலம் எங்க?"ன்னு மட்டும் கேப்பேன், தானா சுருக்கிக்குவாங்க.

வீட்டுல பாடம் கேக்குறவங்க "என்னென்ன போட்டிருக்கு?"ன்னு கேட்டா பிள்ளை வரிசையா ஒப்பிச்சிடும், அதுல ஒண்ணும் தெரியாது. புக்கை மூடிட்டு "இவ்வளவு சொல்லி என்னத்த நிரூபிக்கப் பாக்குறாங்க?"ன்னு கேளுங்க. முதல்ல முழிக்கும், முழிக்கட்டும், நீங்க எடுத்துக் குடுத்துடாதீங்க.

டாபிக் சென்டன்ஸே இல்லாத பாராவும் உண்டு, அதைத்தான் கடைசியா குடுப்பேன். போன வாரம் அந்தப் பொண்ணுகிட்ட ஒண்ணு குடுத்தேன், வெறும் டீடெய்ல் நாலு. மேலயும் கீழயும் ரெண்டு தடவை தேடிட்டு, "மிஸ், இதுல அது இல்லவே இல்ல"ன்னு சொல்லிட்டு, ஓரத்துல அவளே ஒரு வரி எழுதி அதுக்கு அடிக்கோடும் போட்டா. ரெண்டு எழுத்துப்பிழை இருந்துச்சு. அன்னைக்கு திருத்தல.